போர்தோ பாணி ரெட் ஒயின் கலவைகள்: லேபிளின் பின்பக்கத்தைப் படித்துவிட்டு வாங்குங்கள்

போர்தோ பாணிக் கலவைகளைப் பற்றி அடிக்கடி வரும் புகார் ஒன்று உண்டு: "ஒரே துவர்ப்பு, ஈறெல்லாம் காய்ந்துவிட்டது." பெரும்பாலும் ஒயின்மீது தப்பு இருக்காது. கேபர்னே சாவின்யோன் என்ற திராட்சை மிகுந்த கலவையை மூன்று வயதிலேயே திறந்து, திறந்த கையோடு ஊற்றியிருப்பார்கள். இந்த வகையில் விலையையும் பெயரையும் விட முக்கியம், எந்தத் திராட்சை எத்தனை சதவீதம் என்பது. பல பாட்டில்களில் அது பின் லேபிளிலேயே இருக்கும். இல்லாவிட்டால் தயாரிப்பாளரின் தளத்தில் கிடைக்கும்.

பிரான்சின் போர்தோ வட்டாரத்தில் வழிவழியாக அனுமதிக்கப்பட்ட சிவப்புத் திராட்சைகள் ஆறு. நடைமுறையில் மூன்றுதான் பாரம் சுமக்கின்றன: கேபர்னே சாவின்யோன், மெர்லோ, கேபர்னே ஃபிராங். முதலாவதற்குப் பழம் சிறிது, தோல் தடிப்பு. அதனால் துவர்ப்பைத் தரும் டானினும் நிறமும் கூடுதல், பிளாக்கரண்ட், தேவதாரு, பென்சில் சீவல் வாசனை. அது எலும்பு என்றால் மெர்லோ சதை: பிளம் பழச்சுவை, மிருதுத்தன்மை, சற்றே கூடுதல் ஆல்கஹால். கேபர்னே ஃபிராங் பூமணத்தையும் புத்துணர்ச்சியையும் தருகிறது. பெட்டி வெர்தோ 2 முதல் 5 சதவீதம் இருந்தால் நிறமும் மசாலா நெடியும் கூடும். அதற்கு ரொம்ப மேலே போனால் மற்றவற்றை அமுக்கிவிடக்கூடும். மால்பெக் இங்கே பேருக்குத்தான். கார்மெனேர் ஊரைவிட்டே ஏறக்குறைய போய்விட்டது. 1994-இல் சிலியில், மெர்லோ என்று நினைத்து வளர்த்துவந்த கொடிகளுக்கு நடுவே அடையாளம் காணப்பட்டது.

கலப்பது ருசிக்காக மட்டும் இல்லை. வானிலையை நம்ப முடியாததால் வந்த ஏற்பாடு. மெர்லோ முன்னதாகத் துளிர்த்துப் பூக்கும். வசந்தகால உறைபனி வந்தால் துளிர் கருகும், பூக்கும் நேரத்து மழை வந்தால் காய் பிடிக்காமல் பூ உதிர்ந்துவிடும். கேபர்னே சாவின்யோன் அந்த ஆபத்தைத் தாண்டிவிடும். ஆனால் ஏறத்தாழ இரண்டு வாரம் பிந்திப் பழுப்பதால் இலையுதிர்கால மழையில் மாட்டிக்கொள்ளும். முழுக்கப் பழுக்காமல் பறித்தால் பைரசீன் என்ற வாசனைப் பொருள் குறையாமல் நின்று, கிளாஸை மூக்கருகே கொண்டுபோனதும் பச்சைக் குடைமிளகாய் வாசனை அடிக்கும். எத்தனை புது ஓக் பீப்பாயில் வைத்தாலும் அது முழுதாக மறையாது. குளிரான ஆண்டில் கேபர்னே மிகுந்த மலிவு பாட்டிலைத் தவிர்க்கச் சொல்வது இதனால்தான்.

ஜிரோந்து முகத்துவாரத்துக்கும் கரோன் ஆற்றுக்கும் இடது கரையில் உள்ள மெடாக், கிராவ் பகுதிகளில் சரளை மண். நீர் உடனே வடியும், பகல் வெப்பம் தங்கும். கேபர்னே சாவின்யோன் பழுக்க அது போதும். மெடாக்கின் போயாக், செயின்ட் ஜூலியன் ஊர்ப் பாட்டில்களில் அதன் பங்கு பெரும்பாலும் பாதிக்கு மேல். நல்லவை எட்டுப் பத்து வருடத்தில் புகையிலை, தோல், ஈரமண் வாசனைக்குத் திரும்பும். டானின் நாக்கில் உறுத்தாமல் பொடிப்பொடியாகக் கரையும். அவ்வளவு காத்திருக்க முடியாவிட்டால் டிகாண்டரில் (ஒயினைக் காற்றாட ஊற்றி வைக்கும் அகன்ற குடுவை) இரண்டு மணி நேரமாவது விடுங்கள். பாட்டிலின் கார்க்கை மட்டும் எடுத்து வைப்பதில் பயனில்லை. கழுத்தளவு பரப்பில் எவ்வளவு காற்று படும்?

வலது கரையில் களிமண்ணும் சுண்ணாம்புக்கல்லும். மண் குளிர்ச்சி, ஈரம் தங்கும், அங்கே மெர்லோதான் ராஜா. பொமெரோல் ஊரின் பெத்ரூஸ் தோட்ட ஒயின் ஏறக்குறைய முழுக்க மெர்லோ. செயின்ட் எமிலியோன் ஊரின் ஷெவால் பிளாங் தோட்ட ஒயினில் கேபர்னே ஃபிராங்குக்குப் பெரும் பங்கு. பட்ஜெட்டுக்குள் வாங்குபவர்களுக்கு எங்கள் முதல் சிபாரிசு அவற்றின் அக்கம்பக்கம்: ஃபிரோன்சாக், காஸ்டியோன், லாலாந்த் தெ பொமெரோல். நான்கைந்து வயதிலேயே குடிக்கத் தயார், அரை மணி நேரக் காற்று போதும். வெயில் கடுமையான ஆண்டுகளில் மட்டும் கவனம். மெர்லோவில் சர்க்கரை சட்டென ஏறி ஆல்கஹால் 14.5 சதவீதத்தைத் தாண்டும். பழம் ஜாம் மாதிரி ஆகி, விழுங்கியதும் தொண்டை சுடும். அந்த ஆண்டு பாட்டில்களில் கேபர்னே ஃபிராங் ஐந்தில் ஒரு பங்காவது இருக்கிறதா என்று பாருங்கள்.

பிரான்சுக்கு வெளியே இதே பாணியில் நிறைய வருகிறது. கலிஃபோர்னியாவின் ஓபஸ் ஒன் (முதல் அறுவடை 1979), இத்தாலியின் போல்கெரி ஒயின்கள், நியூசிலாந்தின் கிம்லெட் கிராவல்ஸ், தென்னாப்பிரிக்காவின் ஸ்டெல்லன்போஷ். பழம் பளிச்சென்று இருக்கும், இளமையிலேயே இணக்கமாக இருக்கும். சிக்கல் பெரும்பாலும் ஓக். 225 லிட்டர் பீப்பாயில் 12 முதல் 18 மாதம் என்ற முறையை அப்படியே எடுத்துக்கொண்டு, எல்லாவற்றையும் புதுப் பீப்பாயாக்கினால் வெனிலாவும் காபியும்தான் முன்னால் நிற்கும். ஒரு மணி நேரம் கழித்தும் பழவாசனை தலைகாட்டாவிட்டால் அது அளவுக்கு மீறிய ஓக். "மெரிட்டேஜ்" என்று போட்ட அமெரிக்க பாட்டிலில் போர்தோ திராட்சைகள் குறைந்தது இரண்டு இருக்க வேண்டும், எதுவும் 90 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. அது கலவைக்கான விதி, தரச் சான்று இல்லை.

லேபிளில் ஏமாற்றும் சொற்கள் சில. "கிராண்ட் வான் தெ போர்தோ" (போர்தோவின் சிறந்த ஒயின்) என்பதை வைத்துத் தரத்தை முடிவு செய்யாதீர்கள். "செயின்ட் எமிலியோன் கிராண்ட் க்ரூ" பலருக்கும் கிடைக்கும் வட்டாரப் பெயர். தரவரிசைக்குள் வந்தது "கிராண்ட் க்ரூ கிளாசே". போர்தோ தோட்டங்களைத் தரவரிசைப்படுத்திய 1855 பட்டியல் மெடாக்கையும் சோத்தேர்ன்-பார்சாக்கையும், மெடாக்குக்கு வெளியிலிருந்து ஓ-பிரியோன் தோட்டத்தையும் சேர்த்துக்கொண்டது. வலது கரை அதில் கிடையாது. காசுக்கு ஏற்ற பொருள் வேண்டுமென்றால் பெரிய தோட்டங்களின் இரண்டாம் ஒயினைப் பாருங்கள்: இளங்கொடிப் பழமும், முதல் கலவைக்கு எடுத்துக்கொள்ளாத பீப்பாய்களும் அதில் சேர்கின்றன. அதே கைப்பக்குவம், சீக்கிரம் குடிக்கலாம்.

பரிமாற 16 முதல் 18 டிகிரி. "அறை வெப்பநிலை" என்ற பழைய பேச்சு குளிர்நாட்டு அறைக்குச் சொன்னது. 25 டிகிரி அறையில் இருந்த பாட்டிலை அரை மணி நேரம் ஃபிரிட்ஜில் வையுங்கள். அதிகம் குளிர்ந்தால் துவர்ப்பு கூர்மையாகும், சூடானால் ஆல்கஹால் நெடி தூக்கும். பத்து வயது தாண்டிய பாட்டிலை முந்தைய நாளே நிமிர்த்தி வைத்து மண்டியை அடியில் தங்கவிடுங்கள். கழுத்துக்குக் கீழே வெளிச்சம் வைத்து ஒரே வீச்சில் மெதுவாக ஊற்றுங்கள். மண்டி பாட்டிலின் தோள்பட்டைக்கு வந்ததும் நிறுத்திவிட வேண்டும். இருபது வருடப் பழசை மணிக்கணக்கில் காற்றில் விடக் கூடாது, உள்ள கொஞ்ச வாசனையும் போய்விடும்.

திறந்ததும் அழுகிய முட்டை வாடை வந்தால் பதற வேண்டாம். காற்றுபடாமல் இருந்ததால் வரும் கந்தக வாடை அது, டிகாண்டரில் பெரும்பாலும் போய்விடும். நனைந்த அட்டைப்பெட்டி வாடை வேறு கதை. கார்க்கிலிருந்து வந்த டிசிஏ என்ற ரசாயனம் அது, நேரமாக ஆக இன்னும் தெளிவாகத் தெரியும். கார்க்கைப் பத்திரமாக வைத்து, மீதி ஒயினோடு கடையில் திருப்பிக் கொடுங்கள்.