35,000 ரூபாய்க்குள் ஹோம் தியேட்டர்: சவுண்ட்பாரா, தனி ரிசீவரும் ஸ்பீக்கர்களுமா?

தண்டையார்பேட்டையில், கடலிலிருந்து ஒரு கிலோமீட்டருக்கும் குறைவான தூரத்தில் உள்ள தெருவில் குடியிருக்கிறேன். பீரோவின் கால், ஃபிரிட்ஜின் அடித்தகடு, ஜன்னல் கொக்கி என்று எந்த இரும்பும் மூன்றாம் ஆண்டைத் துருவில்லாமல் கடந்ததில்லை. ஏ.சி. மாட்ட வந்தவரே, "காசிமேடு காத்து சார், காயில் நாலு வருஷம் தாங்குனா பெருசு" என்று சொல்லிவிட்டுத்தான் ஏணியில் ஏறினார். இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு ஹோம் தியேட்டருக்காக 35,000 ரூபாயை ஒதுக்கி வைத்துவிட்டு எதை வாங்குவதென்று யோசித்தபோது, அவர் சொன்ன இந்த வார்த்தைதான் எல்லாக் கணக்கையும் தீர்த்து வைத்தது.

என் முன்னால் மூன்று வழிகள் இருந்தன. சப்வூஃபருடன் (தாழ்ந்த சத்தத்துக்கான பெட்டி) வரும் சவுண்ட்பார் (டி.வி.க்குக் கீழே வைக்கும் நீளமான ஸ்பீக்கர் பட்டை) ஒன்று. சப்வூஃபருக்குள்ளேயே ஆம்ப்ளிஃபயரை வைத்து, ஐந்து சின்ன ஸ்பீக்கர்களோடு ஒரே அட்டைப்பெட்டியில் வரும் 5.1 செட் இரண்டாவது. ஒலியைப் பிரித்துப் பெருக்கி ஸ்பீக்கர்களுக்கு அனுப்பும் ஏ.வி. ரிசீவரைத் தனியாகவும் ஸ்பீக்கர்களைத் தனியாகவும் வாங்கிச் சேர்ப்பது மூன்றாவது. நான் மூன்றாவதை, அதுவும் ரிசீவரைப் பழையதாக வாங்கினேன். ஆகவே இந்த ஒப்பீடு அந்தப் பக்கம் சாய்ந்துதான் இருக்கும்.

எல்லோருக்கும் தெரிந்தவற்றை முதலில் முடித்துவிடுகிறேன். சவுண்ட்பார் இடத்தை அடைக்காது, ஒரு கேபிளோடு வேலை முடிந்துவிடும், டி.வி. ரிமோட்டிலேயே சத்தத்தைக் கூட்டிக் குறைக்கலாம். வாடகை வீட்டைக் காலி செய்யும்போது அக்குளில் இடுக்கிக்கொண்டு கிளம்பிவிடலாம். தனித்தனி ஸ்பீக்கர்களில் இந்த வசதி எதுவும் கிடையாது. வீட்டிலிருப்பவர்கள் ஒயரைப் பார்த்து முகம் சுளிப்பார்கள். ஆனால் இடதும் வலதும் ஆறடி தள்ளி நிற்கும்போது பாட்டுக்குக் கிடைக்கும் விரிவு, மூன்றடி நீளமுள்ள பட்டைக்குள்ளிருந்து வராது.

5.1 செட்டைப் பற்றியும் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். விலையில் அதற்கு நிகரில்லை. ஆனால் பல செட்டுகளின் பின்புறத்தைத் திருப்பிப் பார்த்தால், உள்ளே வருவதற்கு சிவப்பு, வெள்ளைக் கேபிள் செருகும் இரண்டே இரண்டு ஆர்.சி.ஏ. துளைகள்தான் இருக்கும், வந்த இரண்டு சானலையே (ஒலிவழி) பிரித்து ஐந்து ஸ்பீக்கருக்கும் அனுப்புகிறார்கள். பின்னாலிருந்து சத்தம் வருவதைக் கேட்டு நாம் 5.1 என்று மகிழ்ந்துகொள்கிறோம். ஆப்டிகல் அல்லது எச்.டி.எம்.ஐ. வழியாக பல சானல் ஒலியைச் சுருக்கி அனுப்பும் டால்பி டிஜிட்டலை வாங்கிப் பிரிக்கும் வசதியோ, ஆறு சானலுக்கும் தனித்தனித் துளைகளோ இல்லாத செட், பெயரளவில் மட்டுமே 5.1 ஆகும். மூன்று அங்குல ஸ்பீக்கர்களால் தடித்த குரலைத் தாங்க முடியாததால், அந்தப் பொறுப்பும் சப்வூஃபரின் தலையில் விழுந்து, கதாநாயகனின் அப்பா சோபாவுக்கு அடியிலிருந்து பேசுவதுபோல் கேட்கும். பெட்டியின் மேல் பி.எம்.பி.ஓ. (கணநேர உச்சம்) என்று நாலு இலக்கத்தில் அச்சிட்டிருக்கும் வாட் கணக்கை முழுவதுமாக ஒதுக்கிவிட்டு, ஆர்.எம்.எஸ். (தொடர்ந்து தரக்கூடிய வாட்) எவ்வளவு என்று மட்டும் கேட்க வேண்டும். இருந்தாலும் ஒன்றை நேர்மையாகச் சொல்லியாக வேண்டும்: உள்ளே டி.டி.ஏ. 2030 போன்ற சாதாரண ஐ.சி. இருக்கும் செட்டை எங்கள் பகுதி மெக்கானிக் யாராயிருந்தாலும் அரை நாளில் சரிசெய்துவிடுவார். பழுதுபார்ப்பதை மட்டும் அளவுகோலாக வைத்தால், சவுண்ட்பாரை விட இந்தச் செட்டே மேல்.

அந்த அளவுகோலுக்கு நான் வந்து சேர்ந்ததற்கு என் முதல் சவுண்ட்பாரே காரணம். எந்தக் கம்பெனி என்பது இங்கே தேவையில்லை. ஒரு வருட வாரண்டி முடிந்து பதினைந்தாவது மாதத்தில், எச்.டி.எம்.ஐ. வழியாகச் சத்தம் விட்டுவிட்டு வர ஆரம்பித்தது. அடுத்த மழைக்காலத்தில் ஒரேயடியாக நின்றது. சர்வீஸ் சென்டரில் பத்து நாள் வைத்திருந்துவிட்டு, அந்த மாடலுக்குப் போர்டு வருவதில்லை என்றும், புதியது வாங்கினால் தள்ளுபடி தருவதாகவும் சொன்னார்கள். எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவுக்கு எடுத்துச் சென்றேன். அங்கே மெக்கானிக் பின்மூடியைக் கழற்றி, விளக்கை இழுத்துக் காட்டினார். கையகலப் போர்டு ஒன்றின் மேல்தான் ஆம்ப்ளிஃபயர், புளூடூத், எச்.டி.எம்.ஐ. எல்லாமே இருந்தன. ரிப்பன் கேபிள் சொருகும் இடத்தில், பழைய செப்புக்குடத்தின் வாயில் படிவதுபோலப் பச்சையாகப் பூத்திருந்தது. பிரஷ்ஷால் தட்டியதும் அந்தப் பச்சையோடு இரண்டு ஊசிக்கால்களும் உதிர்ந்தன. "இதுல நான் எதை சார் மாத்துறது? எல்லாம் ஒரே போர்டு. கம்பெனில கெடச்சா வாங்கிட்டு வாங்க, போட்டுத் தரேன்" என்றார். எடைக்குப் போட்டபோது பழைய இரும்புக்காரர் அதைப் பிளாஸ்டிக் கணக்கில் சேர்த்துக்கொண்டார்.

உப்புக்காற்று ரிசீவரையும் ஸ்பீக்கரையும் மட்டும் விட்டுவைக்குமா என்று கேட்டால், விடாது. வித்தியாசம் எங்கே இருக்கிறதென்றால், அங்கே கெட்டுப்போன துண்டை மட்டும் மாற்ற முடிகிறது. ஸ்பீக்கருக்குள் இருப்பவை காந்தம், காயில், கூம்பு, உயர்ந்த சத்தத்தையும் தாழ்ந்த சத்தத்தையும் பிரித்தனுப்பும், இரண்டு மூன்று கெப்பாசிட்டர் கொண்ட கிராஸ்ஓவர், அவ்வளவுதான். மென்பொருள் கிடையாது, மாடல் காலாவதியாகிவிட்டது என்று யாரும் கைவிரிக்க முடியாது. வாங்கும்போது கவனிக்க வேண்டியது கூம்பைச் சுற்றியிருக்கும் வளையத்தைத்தான். ஃபோம் வளையம் ஈரப்பதத்தில் சில ஆண்டுகளிலேயே பொடிப்பொடியாக உதிரத் தொடங்கும். ரப்பர் வளையம் அதைவிட வெகுகாலம் தாங்கும். பழைய ஸ்பீக்கரைப் பார்க்கப் போனால், வளையத்தை விரல்நுனியால் மெதுவாக அழுத்திப் பாருங்கள்; விரலில் கறுப்பு மாவு ஒட்டினால் டீ குடித்துவிட்டுத் திரும்பிவிடலாம். பெட்டி மரநாரை அழுத்திச் செய்த எம்.டி.எஃப். பலகையாகத்தான் இருக்கும் என்பதால் அதைத் தரையில் வைக்கக் கூடாது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது எங்கள் தெருவில் கீழ்வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. அன்று தரையில் நின்ற சப்வூஃபர்கள் அடிப்பலகை ஊறி உப்பிப்போய்த் தெருமுனையில் கிடந்ததை நானே பார்த்தேன்.

ஒயர் விஷயத்தில் கடைக்காரர்கள் கண்ணாடிபோன்ற உறை போட்ட ஸ்பீக்கர் கேபிளைத்தான் எடுத்துக் காட்டுவார்கள். ஒரு வருடத்தில் உறைக்குள்ளேயே செம்பு பச்சையாகிவிடுவதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். நான் வீட்டு ஒயரிங்குக்குப் போடும் 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயரையே வாங்கினேன். ஐந்து மீட்டர் தூரத்துக்கு, போக வரச் சேர்த்து அதன் மின்தடை 0.12 ஓம் அளவுதான். எட்டு ஓம் ஸ்பீக்கருக்கு அது ஒரு பொருட்டே இல்லை. ஒவ்வொரு மழைக்காலம் முடிந்ததும் ஒயரின் நுனியை அரை அங்குலம் வெட்டியெறிந்துவிட்டு, புதிதாகச் சீவி, முறுக்கி மாட்டுகிறேன். முன்பக்க மூன்று ஸ்பீக்கருக்கும் சேர்த்துக் கால்மணி நேரம் ஆகும்.

பழைய ரிசீவர் வாங்குவதில் ஆபத்து இல்லாமலில்லை. டெனான், யமஹா, ஆங்கியோ என்று எதுவானாலும், பயன்படுத்திய ரிசீவரை ஒரு மணி நேரமாவது ஓடவிட்டுப் பார்த்த பிறகே பணத்தை எடுக்க வேண்டும். பெரம்பூரில் ஒருவர் வீட்டில் நான் வாங்கியபோது, டி.வி. பெட்டிக்கான சிறு செட்டாப் பாக்ஸையும் ஒரு ஸ்பீக்கரையும் பையில் எடுத்துப் போயிருந்தேன். எச்.டி.எம்.ஐ. துளைகள் ஒவ்வொன்றிலும் செருகிப் பார்த்தேன். ஐந்து சானலிலும் அதே ஸ்பீக்கரை மாற்றி மாற்றி மாட்டினேன். பவர் போட்ட சில நொடிகளில் உள்ளே 'டக்' என்று ரிலே (ஸ்பீக்கரை இணைக்கும் தானியங்கி சுவிட்ச்) விழும் சத்தம் கேட்க வேண்டும். குறைந்த சத்தத்தில் ஒரு பக்கம் மங்கி மறைந்து, சட்டென்று கூட்டியதும் திரும்பி வந்தால், பெரும்பாலும் அந்த ரிலேயின் முனைகள் கறுத்துப்போயிருக்கின்றன என்று பொருள். என்னுடையதில் எட்டாவது மாதத்தில் இதே கோளாறு வந்தது. வண்ணாரப்பேட்டையில் ஒருவர் ரிலேயைக் கழற்றிப் புதியதைப் பற்றவைத்து, கூலியோடு 450 ரூபாய் வாங்கிக்கொண்டார். போர்டே வராது என்று கேட்டுப் பழகியவனுக்கு அந்த 450 ரூபாய் எவ்வளவு இனித்தது என்பதை இங்கே விளக்க வேண்டியதில்லை.

அதற்கு முன்பே ஒருமுறை அது தானாக அணைந்து அணைந்து பயமுறுத்தியதும் உண்டு. விசாரித்தால், தூசி படியக் கூடாதென்று அம்மா அதன் தலையில் பூவேலை செய்த துணியை மடித்துப் போட்டு மூடியிருந்தார். ரிசீவருக்கு மேலே நான்கு விரற்கடையாவது காற்று வேண்டும். கண்ணாடிக் கதவு போட்ட ஷோகேஸுக்குள் வைக்கவே கூடாது. தினமும் சிறிது நேரம் ஓடும் கருவியின் சூட்டில் உள்ளே ஈரம் தங்குவதில்லை என்பதால், கடலோர வீட்டில் அதைப் பூட்டி வைப்பதை விடப் பயன்படுத்துவதே பாதுகாப்பு.

பழைய ரிசீவர் 4கே படத்தைக் கடத்தாது என்று சொல்லிப் பலர் பின்வாங்குகிறார்கள். படத்தை அதன் வழியாக அனுப்ப வேண்டிய அவசியமே இல்லை. டி.வி.யிலிருக்கும் செயலிகளில் படம் ஓடட்டும். ஒலி மட்டும் ஏ.ஆர்.சி. (எச்.டி.எம்.ஐ. கேபிளிலேயே டி.வி.யின் ஒலியைத் திருப்பி அனுப்பும் வசதி) வழியாக ரிசீவருக்கு வந்தால் போதும். ஏ.ஆர்.சி. இல்லாத மாடலாக இருந்தால் ஆப்டிகல் கேபிளும் டால்பி டிஜிட்டல் 5.1 ஒலியைக் கொண்டுவரும். டி.வி.யின் ஒலி அமைப்பில் பி.சி.எம். (சுருக்காத ஒலி) என்று இருந்தால் ஆப்டிகலில் இரண்டு சானல் மட்டுமே வரும். அதை டால்பி அல்லது பாஸ்த்ரூ (வந்த ஒலியை அப்படியே அனுப்புவது) என்று மாற்ற வேண்டும். இந்த ஒரு அமைப்பை மாற்றாமலேயே ரிசீவர் சரியில்லை என்று திருப்பி விற்றவர் ஒருவரை எனக்குத் தெரியும்.

வாட் எவ்வளவு வேண்டும் என்ற கேள்விக்கு, என் பத்துக்குப் பதினான்கு அடிக் கூடத்தில் சொற்பமே போதும் என்பதுதான் பதில். 88 டெசிபல் உணர்திறன் (ஒரு வாட்டில், ஒரு மீட்டர் தூரத்தில் கேட்கும் அளவு) கொண்ட ஸ்பீக்கருக்குப் பத்து வாட் கொடுத்தால், ஒன்பதடி தள்ளி உட்கார்ந்திருப்பவர் காதில் ஏறத்தாழ 90 டெசிபல் விழும். அதற்கு மேல் போனால் பக்கத்துச் சுவரைத் தட்டுவார்கள். மூன்று டெசிபல் கூட்டவே வாட் இரண்டு மடங்காக வேண்டும் என்பதால், எண்பது வாட்டுக்கும் நூறு வாட்டுக்கும் இடையே பணத்தைக் கொட்டுவதில் பொருளில்லை.

பணம் போன வழி இதுதான்: பழைய ரிசீவர் 11,000, இடது வலதுக்குப் புதிய புக்ஷெல்ஃப் (சிறு பெட்டி) ஸ்பீக்கர் ஜோடி 12,000, நடுவில் வைக்கும் சென்டர் ஸ்பீக்கர் 6,000, ஒயரும் சுவர்த்தாங்கிகளும் 2,000. மீதம் 4,000 ரூபாயைப் பழுதுக்கென்று எடுத்து வைத்தேன். ரிலே செலவு அதிலிருந்துதான் போனது. ஐந்து ஸ்பீக்கரையும் மலிவாக வாங்குவதை விட, மூன்றை நன்றாக வாங்குவது என்று முடிவெடுத்ததற்கு அப்பா ஒரு காரணம். "என்னடா முணுமுணுக்கிறான், கொஞ்சம் கூட்டி வை" என்று வசனத்துக்காகச் சத்தத்தைக் கூட்டச் சொல்வார். கூட்டியதும் சண்டைக்காட்சி வந்து வீடே அதிரும். 5.1 ஒலித்தடத்தில் வசனம் பெரும்பாலும் சென்டரில்தான் இருக்கிறது. ரிசீவரில் சென்டரை மட்டும் மூன்று டெசிபல் உயர்த்திவிட்டேன். அதற்குப் பிறகு ரிமோட் அவர் கைக்குப் போவதே குறைந்துவிட்டது. சென்டர் சானல் உள்ள 3.1 சவுண்ட்பார்களிலும் வசனத்தைத் தனியாக உயர்த்தும் வசதி இருக்கிறது. இந்த ஒன்றுக்காக மட்டும் ரிசீவரைத் தேடி அலைய வேண்டியதில்லை.

சத்தத்தைக் கூரையில் பட்டுத் தெறிக்கவிட்டு, தலைக்கு மேலிருந்து வருவதுபோல் கேட்கவைக்கும் அட்மாஸ் சவுண்ட்பார்களை ஷோரூமில் பத்து நிமிடம் கேட்டதோடு சரி. வீட்டில் வைத்து வாழ்ந்து பார்த்ததில்லை, என் தொகைக்குள்ளும் அவை வரவில்லை. பின்புற ஸ்பீக்கர்களை மூன்று மாதங்களாகத்தான் மாட்டியிருக்கிறேன். அவை உட்கார்ந்திருப்பவருக்குப் பக்கவாட்டில் சற்றுப் பின்னால், நேர் முன்னாலிருந்து அளந்தால் 110 முதல் 120 டிகிரிக்குள் இருக்க வேண்டும். எங்கள் சோபா பின்சுவரை ஒட்டியே கிடப்பதால் காதுக்கு நேராகத்தான் மாட்ட முடிந்தது. மழைச்சத்தம் நன்றாக இருக்கிறது. மற்றபடி அவை இல்லாமலும் ஒன்றரை ஆண்டு குறையின்றி ஓடியது. மூன்று நான்கு ஆண்டுகளில் வீடு மாறப்போகிறவரும், கடலிலிருந்து தள்ளிக் குடியிருப்பவரும் சவுண்ட்பார் வாங்கினால் நான் வாதாட மாட்டேன்.

சப்வூஃபர் இன்னும் வாங்கவில்லை. பத்தடி அகல அறையில் 56 ஹெர்ட்ஸ் அளவில் ஒலி தேங்கிக் கும்மென்று நிற்கும் என்பதால், அதை எந்த இடத்தில் வைத்தால் சத்தம் சீராகக் கேட்கும் என்று அறை முழுக்கத் தவழ்ந்து தவழ்ந்து தேட வேண்டியிருக்கும். பொதுச்சுவருக்கு அந்தப் பக்கத்து வீட்டுப் பெண் இந்த ஆண்டு பத்தாம் வகுப்பு. அவளுடைய தேர்வு முடிந்த பிறகு நண்பரிடமிருந்து ஒன்றை இரவல் வாங்கி வந்து பார்ப்பதாக இருக்கிறேன்.