நாலு வருஷம், ஒரு செவலைக் கோழி, தீராத செள்ளு

போன வாரம் இன்குபேட்டரின் ஃபேன் நின்றுபோனது. டவுனில் கொடுத்துச் சரிபண்ண 850 ரூபாய் ஆனது. அதை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தபோது கூட வேலை பார்க்கும் தோழி பார்த்துவிட்டாள். "நானும் நாலு கோழி வாங்கி விட்டிருக்கேன்க்கா. குஞ்சு பொரிக்க மெஷின் வாங்கட்டுமா, இல்ல கோழியவே அடை வெச்சுக்கட்டுமா?" என்று கேட்டாள். அவள் இறங்குகிற ஸ்டாப் வருவதற்குள் சொல்லி முடிகிற விஷயம் இல்லை. நாலு வருஷமாக ரெண்டையும் வைத்துப் பார்த்தவள் என்பதால் இங்கே எழுதுகிறேன்.

கூடு எப்படிக் கட்டுவது, தீவனம் எவ்வளவு, முட்டை பொரிய 21 நாள் என்பதெல்லாம் கோழி வளர்க்கிற எல்லாருக்கும் தெரியும். அதற்குள் போகவில்லை.

முதலில் கணக்கு. தினசரி காலண்டர் தாளைக் கிழித்து அதன் பின்பக்கம் குறித்து வைக்கிற பழக்கம் எனக்கு. 2021-லிருந்து கோழியை வைத்து 12 அடை. மொத்தம் 128 முட்டை, பொரிந்தது 98 குஞ்சு. இதில் ஒரு அடை, 11 முட்டை, முழுக்கப் பாழ். அதைத் தள்ளிவிட்டுப் பார்த்தால் நூற்றுக்கு 84 வருகிறது. மெஷினில் 5 தடவை வைத்தேன். 210 முட்டை, 131 குஞ்சு. நூற்றுக்கு 62. இதை வைத்து மெஷின் மட்டம் என்று சொன்னால் அநியாயம். ஒரு தடவை ராத்திரி முழுக்கக் கரண்ட் இல்லை. இன்னொரு தடவை சித்திரை வெயிலில் தண்ணீர்த் தட்டு காய்ந்து கிடந்ததை நான் கவனிக்கவில்லை. குஞ்சு ஓட்டைக் கொத்தியும் சவ்வு காய்ந்து ஒட்டிக்கொண்டதால் வெளியே வர முடியாமல் உள்ளேயே செத்தது. 37.5 டிகிரியும் ஈரப்பதமும் தவறாமல் பார்த்துக்கொள்கிறவர்களுக்கு மெஷின் நன்றாகவே பொரித்துக் கொடுக்கும்.

என்னிடம் இருப்பது சிறுவிடை, நாட்டுக்கோழியில் சின்ன ஜாதி. அதில் இந்தச் செவலைக் கோழி மட்டும் ஏழு தடவை அடை உட்கார்ந்திருக்கிறது. ஒன்றரைக் கிலோதான் இருக்கும், 11 முட்டையை ஒன்றுகூட வெளியே தெரியாமல் மூடிக்கொள்ளும். நடுவில் ஆசைப்பட்டு ஒரு பெருவிடைப் பெட்டை வாங்கினேன். எடை தாங்காமல் முதல் வாரத்திலேயே மூன்று முட்டை விரிசல் விட்டது. பொரிந்த அன்றைக்கு ஒரு குஞ்சு அதன் காலுக்கடியில் நசுங்கிப் போனது. கோழி மிதித்துக் குஞ்சு முடமாகுமா என்று கேட்கிற பழமொழி சிறுவிடையைப் பார்த்துச் சொன்னதாகத்தான் இருக்க வேண்டும். நாமக்கல் பண்ணைகளில் இருக்கிற வெள்ளைக் கோழி அடைக்கே உட்காராது. அடை உட்காரும் நாளெல்லாம் முட்டை நஷ்டம் என்பதால் தலைமுறை தலைமுறையாக அந்தக் குணத்தையே கழித்துக் கழித்து எடுத்த இனம் அது. நம் நாட்டுக்கோழியில் அது இன்னும் அப்படியே இருக்கிறது. ஒரு சுற்று முட்டையிட்டு முடிந்ததும் உடம்பு சூடாகி, கூடையை விட்டு எழாமல், கை வைத்தால் இறகைச் சிலிர்த்துக்கொண்டு கொத்தும். அடை தெளியட்டும் என்று அதைப் பிடித்துத் தண்ணீரில் முக்குகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். காற்றோட்டமான கம்பிக் கூண்டில் நாலு நாள் விட்டால் தானாகத் தெளிந்துவிடும்.

முட்டையைக் கோழி திருப்பிவிடும் என்று எல்லாரும் சொல்வார்கள். நான் கண்ணால் பார்க்க ஆசைப்பட்டு ஒவ்வொரு முட்டைக்கும் ஒரு பக்கம் பென்சிலில் வட்டமும் மறுபக்கம் பெருக்கல் குறியும் போட்டேன். சாயங்காலம் எல்லாவற்றிலும் வட்டம் மேலே இருக்கிற மாதிரி அடுக்கினேன். காலையில் அது தீனிக்கு எழுந்த நேரம் போய்ப் பார்த்தால் வட்டம் நாலு, பெருக்கல் ஐந்து, ரெண்டு பக்கவாட்டில் கிடந்தது. ஓரத்தில் இருந்த முட்டை நடுவுக்கு வந்திருந்தது. வயிற்றில் இறகு உதிர்ந்து வெறும் தோல் முட்டையில் படுகிற மாதிரி இருக்கிறது அதன் உடம்பு. எந்த முட்டை ஆறிப்போயிருக்கிறது என்று அந்தத் தோலுக்குத் தெரிகிறது.

நாலு வருஷத்தில் நான் எதிர்பார்க்காமல் கிடைத்த சந்தோஷம் இருபதாம் நாள் ராத்திரி. ஓட்டுக்குள் இருக்கிற காற்றறையைக் குஞ்சு உடைத்து முதல் மூச்சு விட்டதும் கீச் என்று ஒரு சத்தம் வரும். ஓட்டில் ஒரு கீறல்கூட விழுந்திருக்காது. அதுவரை மூன்று வாரமாக வாயே திறக்காத கோழி, தொண்டைக்குள்ளேயே மெதுவாகக் கொக்கொக்கென்று பதில் சொல்லும். நான் காதை அடைச் சட்டியோரம் வைத்துக் கேட்டிருக்கிறேன். உள்ளிருந்து ஒரு கீச், மேலிருந்து ஒரு கொக். அது சொன்னதும் இன்னொரு முட்டையிலிருந்து வேறொரு கீச். மெஷினிலும் குஞ்சு கீச்சிடும், பதில் சொல்லத்தான் ஆள் இருக்காது. அந்த ராத்திரிகளில் நான் தூங்கியதில்லை.

இவ்வளவு நல்ல கோழியை வைத்துக்கொண்டு எனக்கு என்ன குறை? செள்ளு. சிலர் கோழிப்பேன் என்பார்கள். ஊசி முனையளவுகூட இருக்காது. பகலில் கூடையின் பின்னலுக்குள்ளும் பலகை இடுக்கிலும் ஒளிந்திருந்து ராத்திரியில் ஏறி ரத்தம் குடிக்கிற ஜாதி ஒன்று. கோழி மேலேயும் அடைக்கூடையிலும் குடியிருக்கிற ஜாதி இன்னொன்று. எந்தக் கோழிக்கும் வரும்தான். ஆனால் 21 நாள் ஒரே இடத்தில், அசையாமல், சூடாக உட்கார்ந்திருக்கிற அடைக்கோழி கிடைத்தால் செள்ளுக்குக் கொண்டாட்டம். ஒரு வாரத்தில் ஒரு தலைமுறை பெருகிவிடும்.

பாழான அந்த 11 முட்டை இதனால் போனதுதான். ஏழாம் நாள் டார்ச் அடித்துப் பார்த்தபோது எல்லாவற்றிலும் சிலந்தி வலை மாதிரி சிவப்பு நரம்பு ஓடியிருந்தது. ஒரு கூமுட்டை இல்லை. பதினான்காம் நாள் தீனி வைக்கப் போனேன். கோழி முட்டை மேல் உட்காரவில்லை, நின்றுகொண்டிருந்தது. கொண்டை வெளுத்துப் போயிருந்தது. கையை உள்ளே விட்டு எடுத்தால் மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை சாம்பல் தூவின மாதிரி ஊர்ந்தது. ஒன்றை விரலால் நசுக்கினேன், சிவப்பாக ஒரு கோடு. கோழியின் ரத்தம். மறுநாள் காலையில் கூடையில் கோழி இல்லை, முட்டை ஜில்லென்று கிடந்தது. நான் கோழியைத் திட்டித் தீர்த்தேன். அம்மாயிதான், "அது என்ன கண்ணு பண்ணும், ராவெல்லாம் கடிச்சா எப்படி உக்காந்திருக்கும்? கூடையப் பாரு மொதல்ல" என்றார். கூடையைத் தூக்கி வெயிலில் தட்டினேன். வாசலில் மிளகாய்த்தூள் கொட்டின மாதிரி விழுந்தது.

அன்றைக்குப் பிரம்புக் கூடையை எரித்துவிட்டு, கொத்தனார் சாந்து சுமக்கிற இரும்புச் சட்டிக்கு மாறினேன். வழவழப்பாக இருப்பதால் ஒளிய இடுக்கு இல்லை. கொதிக்கிற தண்ணீர் ஊற்றிக் கழுவலாம். மணலைச் சலித்து, வாணலியில் வறுத்து, ஆறவைத்துப் போடுகிறேன். எம்-சாண்ட் வேண்டாம், முனை கூர்மையாக இருக்கும். மணலுக்கு அடியில் நொச்சியும் வேப்பிலையும். கூட்டுச் சுவருக்குச் சுண்ணாம்பு. மாட்டு உண்ணிக்கு அடிக்கிற மருந்தை அடித்தால் ஒரே நாளில் தீரும் என்று பலர் சொன்னார்கள். உள்ளே உயிர் வளர்கிற முட்டை மேல் அதை அடிக்க எனக்கு மனசு வரவில்லை.

இதில் நானாகக் கண்டுபிடித்தது ஒன்று உண்டு. அடைக்கோழி தினம் ஒரு தடவை கால் மணி, இருபது நிமிஷம் எழுந்து வரும். தின்னும், குடிக்கும், முகம் சுளிக்கிற நாற்றத்தில் ஒரு பெரிய எச்சம் போடும், கடைசியாகப் புழுதியில் புரளும். மழை பெய்து வாசல் ஈரமாக இருக்கிற நாட்களில் புரள இடம் இல்லாமல் அப்படியே திரும்பி வந்து உட்கார்ந்துவிடும். காலண்டர் தாளைப் புரட்டிப் பார்த்தபோது செள்ளு முற்றின அடையெல்லாம் ஐப்பசி, கார்த்திகையில் வைத்தவை. அதிலிருந்து தகரக் கொட்டகைக்கு அடியில் ஒரு குழி தோண்டி, விறகடுப்புச் சாம்பலும் காய்ந்த மண்ணும் கலந்து வைத்திருக்கிறேன். அதில் அது சிறகை விரித்து, சாம்பலைக் கழுத்துவரை வாரிப் போட்டுக்கொண்டு, ஒரு பக்கமாகச் சாய்ந்து கண்ணை மூடிக் கிடக்கிறதைப் பார்த்தால் எனக்கே உடம்பு அரிப்பு அடங்கின மாதிரி இருக்கும். பாதிக்குப் பாதி குறைந்தது. ஆனால் ஒழியவில்லை. அதைத்தான் என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. நாலு வருஷம் செய்யாதது இல்லை, ஆனாலும் ஒவ்வொரு அடையிலும் பத்து நாள் தாண்டினதும் முழங்கையில் அந்த ஊர்தல் வருகிறது.

மற்ற இழப்புகளுக்கு இவ்வளவு கோபம் வந்ததில்லை. 2022-ல் வெள்ளைக் கழிச்சல் நோயில் ஒரே வாரத்தில் 23 உருப்படி போனது. மருந்து போடாதது என் தப்பு. இப்போது ஏழாம் நாள் கண்ணில் சொட்டு மருந்து, எட்டு வாரத்தில் ஊசி. பிப்ரவரியில் அரசு கால்நடை மருந்தகத்து ஆட்கள் ஊருக்குள் வந்து இலவசமாகவே போடுகிறார்கள். காக்கா தூக்கியது, கீரி பிடித்தது எல்லாம் அதது பசிக்கு. கோழியும் அதற்குச் சும்மா இருப்பதில்லை. வானத்தில் பருந்து நிழல் தெரிந்தால் கிர்ரென்று ஒரு இழுவைச் சத்தம் கொடுக்கும், அடுத்த நொடி எட்டுக் குஞ்சும் சிறகுக்குள். கரையான் சட்டி வைத்த காலையில் பார்க்க வேண்டும். பழைய பானைக்குள் சாணியும் கிழிந்த சாக்கும் திணித்து, லேசாகத் தண்ணீர் தெளித்து, கரையான் இருக்கிற மண்ணில் ராத்திரி கவிழ்த்து வைத்தால் விடியும்போது உள்ளே வெள்ளையாக அப்பியிருக்கும். அதைக் கொட்டினதும் கோழி தான் தின்னாமல் ஒன்றைக் கொத்தித் தூக்கிக் கீழே போடும். மறுபடி எடுத்துப் போடும். குஞ்சு கற்றுக்கொள்ளும்வரை போடும். மெஷின் குஞ்சுகளுக்கு நான் பல்பு கட்டி, ராத்திரி ரெண்டு மணிக்கு எழுந்து சூடு பார்த்து வளர்த்தேன். ஆனால் அவற்றுக்குப் பருந்து என்றால் என்னவென்று என்னால் சொல்லிக் கொடுக்க முடியவில்லை.

இவ்வளவும் எழுதிவிட்டு, தோழி, உனக்கு நான் சொல்வது இதுதான்: மெஷினையே வாங்கு. உன்னுடையது மாடி வீடு, கோழிக் கூடு படுக்கையறை ஜன்னலை ஒட்டி இருக்கிறது என்றாய். பகலில் வீட்டில் ஆள் இல்லை. புழுதிக்குளியலுக்கு மண் இல்லை. செள்ளு மனுஷன் உடம்பில் தங்காது என்பது உண்மைதான், ஆனால் கடித்துவிட்டுத்தான் போகும். கோழி எழுந்துபோன கூட்டிலிருந்து அது பசியோடு முதலில் வருவது உன் பிள்ளையின் தலையணைக்கு. என் பையன் ஒரு பரீட்சை சமயம் முழுக்கச் சொறிந்துகொண்டே படித்தான், அது எனக்கு இன்னும் உறுத்துகிறது. போன மாதம் கேட்டிருந்தால் கோழியை வை என்று சொல்லியிருப்பேன். இன்றைக்கு முழங்கை முழுக்கத் தடித்து எரிகிறபோது என்னால் அப்படிச் சொல்ல முடியாது.

வாங்கும்போது ஃபேனைக் கழற்றிச் சுத்தம் பண்ண வழி இருக்கிறதா என்று பார். இன்வெர்ட்டர் இல்லாமல் வாங்காதே. முட்டை ஒரு வாரத்துக்கு மேல் பழசாக இருக்கக் கூடாது, ஃபிரிட்ஜில் வைத்தது வேண்டாம். முதல் தடவைக்கு முட்டை நான் தருகிறேன். கறுப்புக் கோழியோடது ஒன்பது இருக்கிறது. செவலையின் முட்டை இப்போது கிடைக்காது. அதற்கு இன்றோடு பன்னிரண்டு நாள், கொண்டை இன்னும் சிவப்பாகத்தான் இருக்கிறது. ராத்திரி மணல் மாற்ற வேண்டும். வறுத்த மணல் திண்ணையில் ஆறிக்கொண்டிருக்கிறது.