பில்லில் மாற்றியாகிவிட்டது, வண்டியில் மாற்றவில்லை: பிரேக் ஆயில், கூலன்ட் மாற்றப்போகிறவர்கள் படிக்கவும்

மலையிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தோம். பக்கத்து சீட்டில் அம்மா, பின்னால் மனைவியும் மகளும். ஏழெட்டு கொண்டை ஊசி வளைவுகள் தாண்டியிருப்போம். ஒவ்வொன்றிலும் பிரேக்கை மிதித்து மிதித்துத்தான் வந்தேன். அடுத்த வளைவுக்குச் சற்று முன்னால் மிதித்தபோது பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போனது. வண்டி பிடிக்கவில்லை. விட்டு விட்டு வேகமாக மிதித்தேன், இரண்டாவது கியருக்கு இறக்கினேன், ஹேண்ட் பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்தேன். தடுப்புச் சுவரை ஒட்டி நின்றது. அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. டேஷ்போர்டைப் பிடித்த கையை எடுக்க அவருக்கு வெகுநேரம் ஆனது.

அரைமணி நேரம் கழித்து மிதித்துப் பார்த்தால் பெடல் பழையபடி கெட்டியாக இருந்தது. எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஏனென்றால் 5 மாதம் முன்புதான் பிரேக் ஆயிலும், எஞ்சின் சூட்டைத் தணிக்கும் கூலன்ட்டும் மாற்றி, பணமும் கட்டியிருந்தேன். பில் டேஷ்போர்டு பெட்டிக்குள்ளேயே இருந்தது.

கார் வாங்கி 5 வருடம் ஆகியிருந்தது. பிரேக் ஆயிலை 2 வருடத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்லி மேனுவலில் போட்டிருக்கிறது. அது எனக்குத் தாமதமாகத்தான் தெரிந்தது. கூலன்ட்டுக்கு 5 வருடம். சரி, இரண்டையும் சேர்த்தே மாற்றிவிடலாம் என்று சர்வீஸுக்கு விடும்போது தெளிவாகச் சொன்னேன். மாலையில் வண்டியை எடுக்கப் போனபோது அங்கிருந்த அட்வைசர் பானட்டைத் திறந்து காட்டினார். பிரேக் ஆயில் டப்பா சுத்தமாக, உள்ளே ஆயில் இளமஞ்சளாக மின்னியது. கூலன்ட் டப்பாவில் பளிச்சென்று பச்சை. பேனா மாதிரி ஒரு கருவியை பிரேக் ஆயில் டப்பாவுக்குள் முக்கிக் காட்டினார். பச்சை விளக்கு எரிந்தது. "தண்ணியே இல்ல சார், புது ஆயில்" என்றார். திருப்தியாகக் கிளம்பி வந்தேன்.

மலைச் சம்பவத்துக்குப் பிறகு அதே இடத்துக்குப் போக மனம் வரவில்லை. நண்பர் சொன்ன ஒரு மெக்கானிக்கிடம் போனேன். அவர் முதலில் டப்பாவைப் பார்க்கவே இல்லை. வண்டியைத் தூக்கி, சக்கரங்களைக் கழற்றி, என்னைக் கூப்பிட்டார். "சார், இதைக் கொஞ்சம் வந்து பாருங்க."

சக்கரத்தில் பிரேக் பேடை அழுத்திப் பிடிக்கும் பகுதிதான் காலிப்பர். அதன் பின்பக்கம் ப்ளீடிங் நிப்பிள் என்று ஒன்று உண்டு. பிரேக் ஆயிலை வெளியே எடுக்கும் சின்ன வால்வு. அதன் தலையில் ஒரு ரப்பர் மூடி. அந்த மூடியைச் சுற்றி 5 வருடத்து மண்ணும் பிரேக் தூசும் கட்டியாகிக் கிடந்தது. அவர் விரலால் சுரண்டினார், அடை அடையாக உதிர்ந்தது. ரப்பரை இழுத்ததும் இரண்டாகப் பிய்ந்தது. உள்ளே நிப்பிளின் அறுகோணத் தலையில் ஸ்பேனர் பட்ட கீறல் ஒன்றுகூட இல்லை, துரு மட்டும் இருந்தது. நாலு சக்கரத்திலும் இதே கதை. "இதை யாரும் தொட்டதே இல்ல சார். இதைத் திறக்காம பிரேக் ஆயில் எப்படி மாத்த முடியும்?"

நிப்பிளில் உள்ளே ஓடுவது தெரியும்படியான ஒரு குழாயை மாட்டி, மறுமுனையை ஒரு பாட்டிலில் விட்டார். உதவியாளர் பெடலை மிதிக்க, இவர் ஸ்பேனரைத் திருப்பினார். குழாயில் முதலில் வந்தது கரும்பழுப்பாக, மை கரைத்த மாதிரி இருந்தது. இடையிடையே குமிழி. நான் கேட்டுக்கொண்டேன் என்பதற்காக அந்தப் பாட்டிலில் இருந்ததில் தன்னிடம் இருந்த அதே மாதிரிப் பேனாவை முக்கினார். சிவப்பு விளக்கு. மேலே டப்பாவில் முக்கினார். பச்சை விளக்கு. ஒரே வண்டி, ஒரே பிரேக் லைன், ஒரே நிமிடம்.

அவர் விளக்கியபோதுதான் எனக்கு உறைத்தது. கூலன்ட் மாதிரி பிரேக் ஆயில் சுற்றி வராது. பெடலை மிதித்தால் லைனுக்குள் துளி தூரம் நகரும், விட்டால் திரும்பி வந்துவிடும். அவ்வளவுதான். அதனால் மேல் டப்பாவில் இருப்பதை மட்டும் உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதிதாக ஊற்றினால், அந்தப் புது ஆயில் சக்கரத்துக்குப் போய்ச் சேராது. சூடேறுகிற இடமோ சக்கரம்தான்.

சூட்டுக்கும் தண்ணீருக்கும் என்ன சம்பந்தம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். நாம் சாதாரணமாகப் பயன்படுத்தும் டாட் 3, டாட் 4 என்ற தர வகை பிரேக் ஆயில்கள் காற்றில் உள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ரப்பர் ஹோஸ் வழியாகக்கூட ஈரம் மெல்ல மெல்ல உள்ளே போகும். சீல் உடைக்காத டாட் 4 குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது என்பது தரவிதி. அதில் 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்துவிட்டால் அந்த எல்லை 155 டிகிரிக்கு இறங்கிவிடும். டாட் 3 என்றால் 205-லிருந்து 140-க்கு. மலை இறக்கத்தில் விடாமல் பிரேக் பிடித்தால் பேடின் சூடு காலிப்பருக்குள் இருக்கும் ஆயிலுக்கு ஏறி அது கொதிக்கத் தொடங்கும், ஆவிக் குமிழிகள் உண்டாகும். ஆயிலை அமுக்க முடியாது, குமிழியை அமுக்கலாம். நாம் மிதிக்கும் பலமெல்லாம் குமிழியை நசுக்குவதிலேயே போய்விடும். ஆறியதும் குமிழி மறைந்து பெடல் கெட்டியாகிவிடும். அன்று அரைமணி நேரத்தில் பெடல் சரியானது இதனால்தான். இதைத் தெரியாமல் "சரியாயிடுச்சு" என்று அப்படியே கிளம்பிப் போகிறவர்களை நினைத்தால் எனக்கு இப்போதும் பயமாக இருக்கிறது.

அப்புறம் கூலன்ட். பிரேக் விஷயத்தில் ஏமாற்றியவர்கள் இதில் மட்டும் யோக்கியமாக இருந்திருப்பார்களா என்று சந்தேகம் வந்து, இதையும் பார்க்கச் சொன்னேன். எஞ்சின் நன்றாக ஆறட்டும் என்று காத்திருந்துதான் மூடியைத் திறந்தார். (சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. உள்ளே அழுத்தத்தில் இருக்கும் கொதிநீர் முகத்தில் பீய்ச்சி அடிக்கும்.) கண்ணில் வைத்துப் பார்க்கும் ஒரு சின்னக் கருவியில் ஒரு சொட்டு விட்டு என்னிடம் கொடுத்தார். கூலன்ட்டும் தண்ணீரும் பாதிக்குப் பாதி இருந்தால் உறைநிலை மைனஸ் 37 டிகிரி பக்கம் காட்ட வேண்டும். கோடு மைனஸ் 3-ல் நின்றது. பத்தில் ஒரு பங்கு கூலன்ட், மிச்சமெல்லாம் தண்ணீர். இரண்டு விரலுக்கு இடையில் தேய்த்துப் பார்க்கச் சொன்னார். கூலன்ட் என்றால் வழுவழுப்பாக இருக்குமாம். எனக்கு வெறும் தண்ணீராகத்தான் பட்டது. கீழே வடித்தபோது அடியில் பழுப்பு வண்டல் வந்தது. தெர்மோஸ்டாட் பக்கத்துக் குழாயைக் கழற்றினால் உள்விளிம்பில் வெள்ளையாகச் சுண்ணாம்புப் படிவு.

வெறும் தண்ணீர் ஊற்றினால் வண்டி உடனே நின்றுவிடாது, அதுதான் இதில் உள்ள ஆபத்து. தண்ணீர் சூட்டை நன்றாகவே கடத்தும், அதனால் டெம்பரேச்சர் முள் எதையும் காட்டிக்கொடுக்காது. ஆனால் துருப்பிடிக்காமல் காக்கும் ரசாயனம் அதில் இல்லை, கொதிநிலையும் குறைவு. ரேடியேட்டர், வாட்டர் பம்ப், அலுமினிய ஹெட் எல்லாம் உள்ளுக்குள்ளேயே அரிக்கும். ஒன்றிரண்டு வருடம் கழித்து ஹெட் கேஸ்கெட் (எஞ்சின் பிளாக்குக்கும் ஹெட்டுக்கும் நடுவில் இருக்கும் அடைப்பு) போனால், அதற்கும் பழைய சர்வீஸுக்கும் முடிச்சுப் போட யாராலும் முடியாது. அந்தத் தைரியத்தில்தான் செய்கிறார்கள்.

இன்னொன்று, என் வண்டிக்கு மேனுவலில் சொல்லியிருப்பது நீண்ட நாள் உழைக்கும் வகை, கம்பெனியிலிருந்து வந்தபோது இளஞ்சிவப்பாக இருந்தது. இவர்கள் ஊற்றியது பச்சை. நிறத்துக்குப் பொதுவான விதி எதுவும் கிடையாது, ஒரே நிறத்தில் வேறு வேறு வகைகள் விற்கின்றன. நிறத்தை நம்பாமல் பாட்டிலில் எழுதியிருக்கும் தர எண்ணை மேனுவலோடு ஒப்பிட வேண்டும். வகை மாற்றிக் கலந்தால் ஆயுள் குறையும், சில சமயம் கசடு கட்டி ரேடியேட்டரை அடைக்கும்.

வீட்டுக்கு வந்து பழைய பில்லை எடுத்துப் பார்த்தேன். உண்மை அதிலேயே அச்சாகியிருந்தது. பிரேக் ஆயில் 250 மில்லி. கூலன்ட் 1 லிட்டர். நாலு சக்கரத்துக்கும் பழையது போய்ப் புதியது வரும்வரை எடுக்க எங்களுக்குக் கிட்டத்தட்ட ஒரு லிட்டர் பிரேக் ஆயில் ஆனது. என் எஞ்சினின் கூலன்ட் கொள்ளளவு மேனுவல்படி 5.5 லிட்டர். "மாற்றுதல்" என்ற வார்த்தையைப் பார்த்தேனே தவிர, பக்கத்தில் இருந்த அளவை நான் பார்க்கவில்லை.

பழைய பில்லையும் மெக்கானிக் தந்த பில்லையும் போட்டோக்களையும் எடுத்துக்கொண்டு முதலில் சர்வீஸ் செய்த இடத்துக்கே போய்க் கேட்டேன். "டேங்க்ல இருக்கிறத மாத்தினா அதுக்குப் பேரு ரீப்ளேஸ்மென்ட்தான் சார்" என்றார் மேலாளர், முகத்தில் எந்த மாற்றமும் இல்லாமல். அடுத்த சர்வீஸில் தள்ளுபடி தருவதாகச் சொன்னார். வேண்டாம், எழுத்தில் பதில் கொடுங்கள் என்றேன். மூன்று மின்னஞ்சல்களுக்குப் பிறகு அந்த இரண்டு வேலைகளுக்குமான பணத்தைத் திருப்பினார்கள். தவறு நடந்ததாக ஒரு வரி எழுதித் தரவில்லை.

இனி நீங்கள் சர்வீஸுக்கு விடும்போது செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். பிரேக் ஆயில் என்றால் சீல் உடைக்காத பாட்டிலை உங்கள் கண் முன்னால் திறக்கச் சொல்லுங்கள், ஏற்கெனவே திறந்து வைத்த பாட்டில் ஈரம் குடித்திருக்கும். நாலு நிப்பிளும் திறக்கப்படுவதைப் பக்கத்தில் நின்று பாருங்கள், உள்ளே விட மறுத்தால் வீடியோ கேளுங்கள். ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் வசதி) உள்ள சில வண்டிகளுக்கு ஸ்கேனர் மாட்டித்தான் முழுதாக எடுக்க முடியும், அதையும் கேட்டுக்கொள்ளுங்கள். டப்பாவில் முக்கும் பேனா எதையும் நிரூபிக்காது. கூலன்ட் என்றால் பழையது எத்தனை லிட்டர் வடிந்தது, புதியது எத்தனை லிட்டர் போனது, கலக்கியது சுத்திகரித்த தண்ணீரா குழாய்த் தண்ணீரா என்று கேளுங்கள். வடித்த கூலன்ட்டைத் தரையில் விட்டுவைக்க அனுமதிக்காதீர்கள். இனிப்பாக இருக்கும், நாயும் பூனையும் நக்கினால் செத்துப்போகும்.

எதிர்ப்பக்க ஏமாற்றும் உண்டு. 10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை இரண்டையும் மாற்றியே ஆக வேண்டும் என்று பயமுறுத்துகிறவர்களையும் நான் பார்த்திருக்கிறேன். பெரும்பாலான கம்பெனிகள் பிரேக் ஆயிலுக்குச் சொல்வது 2 வருடம், சில 3 வருடம். வண்டி ஓடினாலும் நின்றாலும் ஈரம் ஏறும் என்பதால் இதில் முக்கியம் கிலோமீட்டர் அல்ல, காலம்தான். கூலன்ட்டில் பழைய வகைக்கு 2 வருடம், நீண்ட நாள் வகைக்கு 5 வருடமோ அதற்கு மேலோ. உங்கள் வண்டியின் மேனுவலில் என்ன இருக்கிறதோ அதுதான் கணக்கு. பிரேக் ஆயில் மட்டம் குறைந்தால் சும்மா ஊற்றி நிரப்பவும் விடாதீர்கள். பேட் தேய்ந்தால் மட்டம் இறங்கும், எங்காவது கசிந்தாலும் இறங்கும். முதலில் காரணத்தைப் பார்க்க வேண்டும்.

இன்று நேரம் கிடைத்தால் உங்கள் கடைசி சர்வீஸ் பில்லை எடுத்து, அந்த இரண்டு வரிகளுக்கு நேரே இருக்கும் அளவைப் பாருங்கள். பிரேக் ஆயில் என் பில்லில் இருந்த மாதிரி 250 மில்லிதான் என்றால், அடுத்த மலைப் பயணத்துக்கு முன்னால் ஒரு சக்கரத்தையாவது கழற்றி நிப்பிளைப் பார்த்துவிடுங்கள்.