ஒரு நாள் கல்வெட்டு மைப்படிப் பயிற்சி: படியெடுக்கக் கற்றுத் தந்தார்கள், படிக்க நேரம் தரவில்லை

கல்வெட்டின் மேல் ஈரத்தாளை ஒட்டி, மை ஒற்றி, எழுத்தைத் தாளில் படியெடுப்பதுதான் மைப்படி. காலை 7 மணிக்குத் தொடங்கி மாலை 5 மணிக்கு முடிந்த பயிற்சி இது. இருபது பேர், நான்கு குழு, குழுவுக்கு ஒரு கல்வெட்டு. இடம், சோழர் காலக் கற்றளி (கற்கோயில்) ஒன்று. நடத்தியது உள்ளூர் வரலாற்று ஆர்வலர்கள். தாள், மை, பிரஷ், மதிய உணவு எல்லாம் கட்டணத்துக்குள் அடக்கம். தூணைக் காட்டி, கதை சொல்லி, குழுப்படம் எடுத்து அனுப்பிவிடும் மரபு நடைகள் பெருகிவிட்ட காலத்தில், வந்தவர் ஒவ்வொருவர் கையிலும் மை ஒட்டுகிற நிகழ்ச்சி என்பதாலேயே இதைச் சற்று விரிவாக மதிப்பிடலாம்.

தொடக்கமே நன்றாக இருந்தது. கோயில் செயல் அலுவலரிடம் வாங்கிய எழுத்துமூலமான அனுமதியை எல்லோருக்கும் காட்டிவிட்டுத்தான் வாளியைத் தூக்கினார்கள். பல குழுக்கள் கோட்டை விடும் இடம் இதுதான். அறநிலையத் துறைக் கோயிலுக்கு நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். 1958ஆம் ஆண்டின் மத்தியச் சட்டப்படியோ 1966ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டப்படியோ பாதுகாக்கப்பட்ட சின்னமாக இருந்தால், அந்தந்தத் தொல்லியல் துறையின் அனுமதி இல்லாமல் கல்லில் தாளை ஒட்டவே கூடாது. அர்ச்சகர் சரி என்று சொன்னால் போதும் என்று நினைப்பது தவறு.

அடுத்தது கல்லைக் கழுவுவது. தண்ணீரும் தென்னை நார் பிரஷும் மட்டும்தான் கொடுத்தார்கள். எழுத்துக்குள் இறுகிப்போன சுண்ணாம்பை எடுக்க மூங்கில் குச்சியைச் சீவிக் கொடுத்தார்கள். கம்பி பிரஷ் கண்ணிலேயே படவில்லை. இது மிகச் சரியான முடிவு. கருங்கல் தாங்கும் என்று சொல்லிக் கம்பியால் தேய்ப்பவர்கள் உண்டு. ஆயிரம் ஆண்டு வெயில் மழையில் மேல்தோல் தளர்ந்த கல் தாங்காது, மென்மையான மாக்கல் நிச்சயமாகத் தாங்காது. ஆசிட் பக்கம் போகவே கூடாது. விளக்கேற்றும் மாடத்தை ஒட்டிய இடங்களில் எண்ணெய்ப் பிசுக்கு ஏறியிருக்கும். அங்கே ஈரத்தாள் பிடிக்காமல் வழுக்கிக்கொண்டு இறங்கிவிடும். வெந்நீரில் நனைத்த துணியால் பலமுறை ஒற்றி எடுத்த பிறகே ஒரு குழுவால் தாளை நிறுத்த முடிந்தது. இதற்கு முக்கால் மணி நேரம் போனது. முந்தைய நாளே இந்த ஒரு கல்லைத் தயார் செய்திருந்தால் அந்த நேரம் படிப்பதற்குக் கிடைத்திருக்கும்.

எழுத்தின் மேல் சாக்பீஸ் பூசவோ மைதா மாவு தடவவோ கூடாது என்று முதலிலேயே கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். இதற்காகவே இவர்களைப் பாராட்ட வேண்டும். சாக்பீஸால் எழுத்தைத் தொடர்ந்து வரைகிறவர், தான் படித்ததைத்தான் கல்லின் மேல் எழுதுகிறார். தேய்ந்த எழுத்து ‘ன’வா ‘ள’வா என்ற ஐயம் அந்த வெள்ளைக் கோட்டோடு மறைந்துவிடும். பின்னால் ஒளிப்படத்தைப் பார்ப்பவருக்குக் கல் தெரியாது, வரைந்தவரின் ஊகம்தான் தெரியும்.

தாள், மேப்லித்தோ எனும் அச்சுத்தாள், 23 × 36 அங்குலம். பளபளப்பான ஆர்ட் தாள் தண்ணீரை உறிஞ்சாது. செய்தித்தாள் வகைத் தாள் இரண்டு தட்டில் கிழிந்துவிடும். தாளைத் தண்ணீரில் ஊறவைத்து, இரண்டு முனையைப் பிடித்துத் தூக்கி, சொட்டு வடிந்ததும் நனைந்த கல்லின் மேல் மேலிருந்து கீழாக விரிக்க வேண்டும். ஒரு தாள் போதாதபோது அடுத்த தாள் முந்தையதன் மேல் இரண்டு விரல் அகலம் ஏறி நிற்க வேண்டும். முனையோடு முனை ஒட்டினால் நடுவில் ஓர் எழுத்து காணாமல் போகும். வரி முழுவதும் கிடைத்துவிட்டதாக நம்பிக்கொண்டிருப்போம், பொருள் மட்டும் புரியாது.

விரித்ததும் மெல்லிய பிரஷால் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தள்ளிக் காற்றை வெளியேற்றுவது முதல் வேலை. பிறகுதான் தட்டும் பிரஷ். இதன் மயிர் விறைப்பாக இருக்க வேண்டும், கல்லுக்குச் செங்குத்தாக விழ வேண்டும். சாய்த்துத் தட்டினால் தாள் இழுபட்டு எழுத்தின் ஓரத்தில் கிழியும். தாள் பள்ளத்துக்குள் இறங்கி எழுத்தின் விளிம்பு கூராகத் தெரியும்வரை தட்ட வேண்டும். புதியவர்கள் எல்லோரும் பாதியில் நிறுத்திவிடுகிறார்கள், ஏனென்றால் தூரத்திலிருந்து பார்க்கும்போது எழுத்து அப்போதே தெரியத் தொடங்கிவிடும். பயிற்சி தந்தவர் விரல் நுனியால் பள்ளத்தைத் தடவிப் பார்க்கச் சொன்னார். தாள் அடியில் படாமல் மேளத்தோல் போல நின்றால் இன்னும் தட்ட வேண்டும். எளிய சோதனை, தவறாமல் வேலை செய்கிறது. கிழிந்த இடத்தில் நனைந்த சிறு துண்டை வைத்துத் தட்டினால் அது அப்படியே ஒட்டிக்கொள்ளும். அதற்காகத் தாளை மாற்றத் தேவையில்லை.

எந்த நேரத்தில் மை ஒற்றுவது என்பதில்தான் இந்தக் கலையின் பாதி இருக்கிறது. தாளின் ஈரப் பளபளப்பு போய், புறங்கையை வைத்தால் குளிர்ச்சி மட்டும் தெரிய வேண்டும். அதற்கு முன்னால் ஒற்றினால் மை பள்ளத்துக்குள் பரவி எழுத்தையே மூடிவிடும். அதைவிட மோசம், தாளைத் தாண்டிக் கல்லில் கறை பிடிக்கும். தாமதித்தால் தாள் சுருங்கிப் பள்ளத்திலிருந்து மேலே எழும்பிவிடும், எழுத்தின் ஓரம் மழுங்கும். கிழக்குச் சுவரில் வேலை செய்த குழுவுக்கு 9 மணி வெயிலில் இதுதான் நடந்தது. ஒரு பக்கம் காய்ந்து எழும்ப, மறுபக்கம் இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. கிழக்குச் சுவரைப் பிற்பகலுக்கும் மேற்குச் சுவரைக் காலைக்கும் ஒதுக்கியிருக்க வேண்டும். இதைத் திட்டமிடாதது ஏற்பாட்டாளர்களின் தவறு.

மையைக் கையாலேயே தயாரிக்கச் சொல்லித் தந்தார்கள். விளக்குக்கரியும் வேலம்பிசினும் தண்ணீரும்தான். பிசினை முதல் நாள் இரவே ஊறவைத்துத் துணியில் வடிகட்டியிருந்தார்கள். பிசின் கூடினால் தாள் கல்லோடு பிடித்துக்கொள்ளும். குறைந்தால் காய்ந்த பிறகு மை கையில் உதிரும், சுருட்டி வைத்த படிகள் ஒன்றையொன்று கறுப்பாக்கும். பஞ்சைத் துணியில் கட்டிய பொதியை நேராக மையில் முக்கக் கூடாது. பலகையில் மையைப் பரப்பி, அதில் ஒற்றி, வேறொரு தாளில் இரண்டு முறை தட்டிப் பார்த்து, சொட்டாமல் சீராக விழுகிறது என்று உறுதியான பிறகே கல்வெட்டுக்குப் போக வேண்டும். தட்டவே வேண்டும், தேய்க்கக் கூடாது. மேற்பரப்பு கறுத்து எழுத்து வெள்ளையாக நிற்கும். தாளின் வெளிப்பக்கத்தில் மை ஏறுவதால் எழுத்து நேராகவே படிக்கக் கிடைக்கும், கண்ணாடியில் பார்ப்பதுபோல் திரும்பாது.

அதிட்டானத்தில், அதாவது கோயிலின் அடித்தளப் பகுதியில், எழுதிய கல்வெட்டுகளுக்கு என்று தனிச் சிக்கல் உண்டு. அதன் கீழ் உறுப்பான ஜகதி சமதளம், அங்கே கவலையில்லை. அதற்கு மேலே புடைத்து நிற்கும் முப்பட்டைக் குமுதத்தில் மூன்று பட்டைகள் கோணம் திரும்புகின்றன. அகலத் தாளை அப்படியே போட்டால் விளிம்பில் கிழியும், மடிப்பில் சுருங்கும். பட்டையின் அகலத்துக்குத் தாளை நறுக்கி, பட்டைக்கு ஒன்றாக எடுப்பதே நல்லது. வரி கோயிலைச் சுற்றிக்கொண்டே போவதால் துண்டுகளின் வரிசை கலைந்தால் கல்வெட்டே கலைந்துவிடும். ஒவ்வொரு துண்டின் பின்புறமும் ஊர், கோயில், எந்தத் திசைச் சுவர், எந்த உறுப்பு, எத்தனையாவது தாள், நாள் ஆகியவற்றைப் பென்சிலால் எழுத வைத்தார்கள். பேனா கூடாது, ஈரத்தில் ஊறி முன்பக்கம் வந்துவிடும். தாளை உரித்த கையோடு இதை எழுத வைத்தது மிகவும் பயனுள்ள பழக்கம்.

நான்காவது குழுவுக்குக் கொடுத்த கல்லைப் பற்றி வருத்தத்தோடுதான் எழுத வேண்டியிருக்கிறது. மேல்பரப்பு பொரிந்து, விரல் பட்டாலே செதில் உதிரும் நிலையில் இருந்த கல் அது. அதன் மேல் பிரஷால் தட்டியிருக்கவே கூடாது. தாளை உரித்தபோது அதன் பின்புறம் கல்துகள் ஒட்டியிருந்ததைப் பலரும் பார்த்தார்கள். இப்படிப்பட்ட கல்லுக்கு மைப்படி வேண்டாம், ஒளிப்படம் போதும். இருட்டிய பிறகு டார்ச் விளக்கைக் கல்லின் பக்கவாட்டில், கிட்டத்தட்டக் கல்லோடு ஒட்டினாற்போலப் பிடித்து, இடம், வலம், மேல், கீழ் என நான்கு பக்கத்திலிருந்தும் தனித்தனிப் படம் எடுத்தால் நேர் வெளிச்சத்தில் தெரியாத எழுத்தும் நிழலில் எழும்பும். இந்த முறையைப் பயிற்சியில் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. கோயில் கற்களை மணல் வீச்சால் சுத்தம் செய்து எழுத்தை அழித்தவர்களைக் காலையில் கண்டித்துப் பேசிய குழு, தன் கையிலிருக்கும் பிரஷையும் அதே கண்ணோடு பார்த்திருக்க வேண்டும்.

பிற்பகல் 4 மணிக்குத்தான் படிக்க உட்கார்ந்தார்கள். ஒரு மணி நேரத்தில் என்ன படிக்க முடியும்? எழுத்து வரிசை அட்டை ஒன்றைக் கொடுத்து, ஒரு படியின் முதல் இரண்டு வரிகளைப் படித்துக் காட்டினார்கள். தொடக்க மங்கலச் சொல்லான ‘ஸ்வஸ்திஸ்ரீ’ கிரந்த எழுத்தில் இருக்கும் என்பதும், பின்னால் வரும் மெய்க்கீர்த்தியின் (அரசரைப் புகழும் முகவுரையின்) முதல் சொற்களே அரசரைக் காட்டிக்கொடுக்கும் என்பதும் புதியவர்களுக்கு நல்ல பிடிமானம். ‘திருமகள் போல’ என்றால் முதலாம் இராசராசன், ‘திருமன்னி வளர’ என்றால் முதலாம் இராசேந்திரன். ஆட்சியாண்டிலிருந்து பொது ஆண்டைக் கணக்கிடுவதையும் சொன்னார்கள். 985இல் ஆட்சிக்கு வந்த இராசராசனின் 29ஆவது ஆண்டு 1013–14 ஆகும். முதல் ஆண்டையும் சேர்த்து எண்ண வேண்டும் என்பதை மறந்து 985உடன் அப்படியே 29ஐக் கூட்டுவது வழக்கமான பிழை.

ஆனால் புதியவர் உண்மையில் தடுக்கி விழும் இடங்களைத் தொடவே இல்லை. கல்வெட்டில் பெரும்பாலும் புள்ளி இருக்காது, சொல்லுக்கு நடுவில் இடைவெளியும் இருக்காது. எகர ஏகாரமும் ஒகர ஓகாரமும் ஒரே வடிவம். துணைக்காலும் ‘ர’வும் ஒன்றுபோலவே நிற்கும். எண்கள் இன்னும் வம்பு. கோயிலில் அணையாமல் எரியும் நந்தா விளக்குக்காக ஆடு தரும் கொடைகளில் ‘சாவா மூவாப் பேராடு’ (சாகாத, மூப்படையாத ஆடுகள்) என்று சொல்லி அடிக்கடி வரும் தொகை 96. அது ௯௰௬ என்று எழுதப்பட்டிருக்கும். எண் என்று தெரியாதவர் ‘கூயசு’ என்று படித்துவிட்டு அகராதியில் தேடிக்கொண்டிருப்பார். நில அளவும் இப்படித்தான். ஒரு வேலிக்கு 20 மா, ஒரு மாவுக்கு 4 காணி, ஒரு காணிக்கு 4 முந்திரிகை என்ற வாய்பாடு கையில் இல்லாமல் ஒரு நிலக்கொடையைப் படிக்க முடியாது. ஒரே தாளில் அச்சிட்டுக் கொடுத்துவிடக்கூடிய செய்திகள் இவை.

இன்னொரு குறை, எடுத்த கல்வெட்டு ஏற்கெனவே பதிவானதா என்று யாரும் பார்க்கவில்லை. மாலைக்குள் ‘புதிய கல்வெட்டு கண்டுபிடிப்பு’ என்று வாட்ஸ்அப்பில் படம் சுற்றத் தொடங்கிவிட்டது. மத்தியத் தொல்லியல் துறையின் கல்வெட்டு ஆண்டறிக்கைகள் 1887 முதல் இருக்கின்றன. தென்னிந்தியக் கல்வெட்டுகள் வரிசையின் முதல் தொகுதி 1890இல் வந்தது. தமிழ்நாடு அரசு தொல்லியல் துறையின் மாவட்டத் தொகுதிகளும் உண்டு. ஊர்ப் பெயரை வைத்துத் தேடினால் பெரிய கோயில்களின் கல்வெட்டுகளில் பல ஏற்கெனவே எண் பெற்றிருப்பது தெரியவரும். ஊர்ப் பெயர் மாறியிருக்கலாம் என்பதால் வட்டத்தின் பழைய பெயரையும் சேர்த்துத் தேட வேண்டும். பதிவானது என்றால் வருத்தப்பட ஒன்றுமில்லை. அப்போது படித்ததற்கும் இப்போது கல்லில் மிஞ்சியிருப்பதற்கும் உள்ள வேறுபாட்டை வரி வரியாகக் குறித்து வைப்பதே ஊர்க்குழு செய்யக்கூடிய அரிய வேலை. அதைத் துறை வந்து ஒவ்வோர் ஊரிலும் செய்துகொண்டிருக்க முடியாது.

படியெடுக்கும் கைவேலையைக் கற்க விரும்புவோர் தயங்காமல் போகலாம். இருபது பேருக்கு நான்கு அனுபவசாலிகள் என்பது தாராளமான விகிதம், ஒவ்வொருவருக்கும் பிரஷ் கையில் கிடைத்தது. கறை படிந்தால் போகாது, பழைய உடை உடுத்திக்கொள்ளுங்கள். தலைக்குத் துண்டு, முழங்காலுக்கு ஒரு கோணிப்பை, ஒரு டார்ச், 2பி பென்சில் எடுத்துப்போங்கள். ஜகதி வரிகளுக்கு மணிக்கணக்கில் குந்தியிருக்க வேண்டும் என்பதால் முழங்கால் வலி உள்ளவர்கள் சுவர்ப் பகுதியைக் கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது. எழுத்துப் படிக்கத்தான் ஆசை என்றால் இந்த ஒரு நாள் போதாது. எழுத்து வரிசை அட்டையை முன்கூட்டியே வாங்கி ஒரு வாரமாவது எழுதிப் பழகிவிட்டுப் போனால் அந்தக் கடைசி ஒரு மணி நேரம் ஓரளவு கைகொடுக்கும்.

அடுத்த முறை நடத்துபவர்களுக்கு ஒரு வேண்டுகோள். நான்கு கல்வெட்டு வேண்டாம், இரண்டு போதும். 12 மணிக்குள் படிகளை உரித்து நிழலில் கட்டிய கயிற்றில் காயப்போட்டுவிட்டு, பிற்பகல் முழுவதும் படிக்கவும், பழைய பதிப்போடு ஒப்பிடவும் உட்காருங்கள். படிகளை நன்றாகக் காய்ந்த பிறகே, மடிக்காமல், கனமான குழாயின் மேல் தளர்வாகச் சுருட்டி வையுங்கள். இம்முறை ஈரம் போகாமலேயே ரப்பர் வளையம் போட்டுக் கட்டிய மூன்று படிகளில் நடுப்பகுதி எழுத்துகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டுவிட்டன.