மீன் தொட்டிக்கு விற்கும் அம்மோனியா கிட், கொரட்டூர் ஏரிக்கரையில்

சென்னை கொளத்தூரில் வண்ண மீன் கடைகள் வரிசையாக இருக்கும் தெருவில் அம்மோனியா டெஸ்ட் கிட் கேட்டேன். “டேங்க் எத்தனை லிட்டர்க்கா?” என்றார் கடைத் தம்பி. கொரட்டூர் ஏரிக்கு என்றதும், எடுத்த பெட்டியை உள்ளே வைத்துவிட்டு, காலாவதித் தேதி இன்னும் தள்ளி இருக்கும் ஒன்றைத் தேடிக் கொடுத்தார். பழைய குப்பி என்றால் நிறம் சரியாக வராதாம். ஏரியில் சாக்கடை கலப்பதை எதிர்த்து நிற்கும் எந்த ஊர்க்காரருக்கும் நான் முதலில் சிபாரிசு செய்வது இந்தப் பெட்டியைத்தான். விலை ஆயிரம் ரூபாயை ஒட்டி வரும்.

உள்ளே இரண்டு குப்பி, ஒரு கண்ணாடிக் குழாய், ஒரு வண்ண அட்டை. ஐந்து மில்லி தண்ணீரில் ஒவ்வொரு குப்பியிலிருந்தும் எட்டுச் சொட்டு விட்டு, குலுக்கி, ஐந்து நிமிடம் வைக்க வேண்டும். மஞ்சளாகவே நின்றால் அம்மோனியா இல்லை. பச்சை கறுக்கக் கறுக்க அளவு கூடுகிறது. வீட்டுக் கழிவுநீரில் மூத்திரம் வழியாக அம்மோனியா ஏராளமாக வரும். காற்றுப் பட்டு நாள் போனால் அது நைட்ரேட்டாக மாறிவிடும். அதனால் கரும்பச்சை என்றால் பெரும்பாலும் பக்கத்தில் எங்கேயோ புதுச் சாக்கடை விழுகிறது.

குறையும் இருக்கிறது. அட்டை லிட்டருக்கு 8 மில்லிகிராமோடு முடிந்துவிடுகிறது. மீன் தொட்டிக்கு அது போதும், சாக்கடைக் கால்வாய்க்குப் போதாது. ஊசி போடும் சிரிஞ்சில் ஒரு மில்லி கால்வாய்த் தண்ணீர், பேட்டரிக் கடையில் கிடைக்கும் டிஸ்டில்டு வாட்டர் ஒன்பது மில்லி. கலந்து சோதித்து, வருவதைப் பத்தால் பெருக்குங்கள். பெட்டிக்குள் இருக்கும் தாளில் இது எழுதியிருக்காது. தெருவிளக்கு வெளிச்சத்தில் நிறம் பார்க்கவும் வேண்டாம். மஞ்சள் விளக்கில் எல்லாம் ஒன்றுபோலத் தெரியும்.

மீன் வாழும் நீரில் தனி அம்மோனியா (அயனியாக மாறாமல் இருக்கும், மீனுக்கு நஞ்சான பகுதி) லிட்டருக்கு 1.2 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது என்கிறது மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம். கிட் காட்டுவது மொத்த அம்மோனியா. இரண்டும் வேறு. நம் ஊர் வெயிலில், பி.எச். (தண்ணீரின் அமில, காரத் தன்மையைச் சொல்லும் எண்) 7 என்றால் மொத்தத்தில் நூறில் ஒரு பங்குகூடத் தனி அம்மோனியா இல்லை. பி.எச். 9 ஆனால் கிட்டத்தட்டப் பாதி அதுதான். இதைப் பார்க்காமல் கிட் காட்டிய எண்ணை அப்படியே மனுவில் எழுதினால், எதிர்த்தரப்பு இன்ஜினியர் அந்த ஒரு வரியைப் பிடித்து மொத்த மனுவையும் ஓரம் தள்ளிவிடுவார். பி.எச். தாளும் சேர்த்து வாங்கிவிடுங்கள்.

எங்கள் ஏரி தனி ஏரி இல்லை. அம்பத்தூர் ஏரி நிரம்பினால் உபரி நீர் கொரட்டூருக்கு, இங்கிருந்து ரெட்டேரிக்கு. மேலே விழுவதெல்லாம் கீழே வந்து சேரும், வழியில் மழைநீர் வடிகாலில் திருட்டுத்தனமாக இணைத்த வீட்டுக் குழாய்களும் சேர்ந்துகொள்ளும். ஏரியின் நடுவில் தண்ணீர் எடுத்துப் பயனே இல்லை. கால்வாய் ஏரியைத் தொடும் இடத்தில் தொடங்கி எதிர்த்திசையில் மேலே நடக்க வேண்டும். ஒவ்வொரு சிறுபாலத்திலும் ஒரு கண்ணாடிக் குழாய்ச் சோதனை. பச்சை திடீரென வெளிறும் இடத்துக்கும் அதற்கு முந்தைய பாலத்துக்கும் நடுவில்தான் சாக்கடைக் குழாய் இருக்கிறது. கையில் கண்ணாடிக் குழாயோடு கூட்டமாக நடந்தால் தெருவே வெளியே வந்து பார்க்கிறது. “இது எங்க தெருத் தண்ணியா?” என்று கேட்ட ஒரு அம்மா, அடுத்த ஞாயிறு தன் மகனையும் கூட்டிக்கொண்டு வந்தார். இதை எந்தத் துண்டறிக்கையும் எங்களுக்குச் செய்து கொடுத்ததில்லை.

அடுத்தது, மீன் பண்ணைக்காரர்கள் வாங்கும் கரைந்த ஆக்சிஜன் கிட். சோதனை நல்ல சோதனை, வேலை அதிகம். குப்பியில் ஒரு காற்றுக் குமிழி தங்கினாலும் முடிவு கெட்டுவிடும். உள்ளே காரமும் ஆசிடும் இருப்பதால் கையுறை கட்டாயம், பிள்ளைகள் கையில் தரவே கூடாது. சோதித்த தண்ணீரை ஏரியில் ஊற்றாமல் தனி பாட்டிலில் சேருங்கள். விடியற்காலையில்தான் எடுக்க வேண்டும். பகலில் பாசி வெயிலை வாங்கி ஆக்சிஜனை விட்டுக்கொண்டே இருக்கும், மதியம் சோதித்தால் ஏரி ஆரோக்கியமாகத் தெரியும். இரவெல்லாம் அதே பாசி ஆக்சிஜனை உறிஞ்சும். மீன் வாழ லிட்டருக்கு 4 மில்லிகிராமாவது வேண்டும். அது இல்லாமல் போவது விடியலில்தான், மீன் செத்து மிதப்பதும் அப்போதுதான். அதிகாரிகள் மாதிரி எடுக்க வருவது பகல் பதினோரு மணிக்கு. அந்த நேரத்தை மாற்றச் சொல்லி எழுதிக் கேட்க வேண்டும், நாங்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறோம்.

மூன்றாவது, தண்ணீர் ஊற்றி வைத்தால், அதில் மலக்கிருமி இருந்தால் கறுக்கும் ஹைட்ரஜன் சல்பைடு பாட்டில். சாக்கடை விழும் ஏரிக்கு இது வீண்செலவு, எப்போதும் கறுக்கத்தான் செய்யும். ஆனால் ஏரிக்கரைத் தெருக்களின் கிணற்று நீருக்கும் போர் தண்ணீருக்கும் அவசியம் வாங்குங்கள். ஏரியைப் பற்றிக் கவலைப்படாத வீட்டில்கூடத் தன் போர் தண்ணீர் கறுத்த பாட்டிலைக் கையில் கொடுத்தால் மனுவில் கையெழுத்து விழும்.

இவற்றை மட்டும் நம்பித் தீர்ப்பாயத்துக்குப் போக முடியாது. கொரட்டூர் ஏரி பாதுகாப்பு மக்கள் இயக்கம் 2016இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வுக்குப் போனது. அங்கே எடுபடுவது மாசுக் கட்டுப்பாட்டு வாரியமோ அங்கீகாரம் பெற்ற ஆய்வகமோ தரும் அறிக்கைதான். ஆனால் அந்த மாதிரியை எந்தப் பாலத்தடியில், எந்த நேரத்தில் எடுக்க வேண்டும் என்று கைகாட்டுவது இந்தச் சொட்டுக் குப்பிதான். தேதி, நேரம், இடம் தெரிய வண்ண அட்டையோடு சேர்த்துப் போட்டோ எடுத்து மனுவோடு இணையுங்கள்.

கையில் பணம் குறைவு என்றால் அம்மோனியா கிட்டும் பி.எச். தாளும் மட்டும் போதும். ஆக்சிஜனுக்குப் பக்கத்துக் கல்லூரி வேதியியல் துறையில் கேளுங்கள், உதவி செய்யும் ஆசிரியர் ஒருவராவது இருப்பார்.