கோபுரம் ஏன் மழுங்கியது? ஹைபர்ஃபோக்கலோடு ஆறு வருடம்

பூஞ்சை எடுக்கக் கொடுத்திருந்த 24 மி.மீ. மேனுவல் லென்ஸ் போன வாரம் கைக்கு வந்தது. அதைப் பார்த்த நண்பர், "இதில் மட்டும் பக்கத்துப் பாறையிலிருந்து தூரத்து மலை வரை எப்படி ஷார்ப்பா வருது?" என்றார். ஆறு வருட அனுபவத்தை எழுதிவிடுகிறேன்.

விஷயம் ஹைபர்ஃபோக்கல் தூரம்தான்: அடிவானமும் தெளிவுக்குள் வரும்படி ஃபோகஸ் செய்யக்கூடிய மிகக் கிட்டிய தூரம். ஃபுல் ஃபிரேமில் (35 மி.மீ. ஃபிலிம் அளவு சென்சார்) லென்ஸ் துளையை எஃப்/8-இல் வைத்தால் இதற்கு அது சுமார் 2.4 மீட்டர். அங்கே ஃபோகஸ் செய்தால் 1.2 மீட்டரிலிருந்து அடிவானம் வரை தெளிவு. ஆப் எதுவும் வேண்டாம், லென்ஸ் மேலேயே எஃப் எண் போட்ட கோடுகள் இருக்கின்றன. ஃபோகஸ் வளையத்தின் முடிவிலிக் குறியை (∞) 8-க்கு நேரே திருப்பினால் முடிந்தது வேலை. சந்தையில், தேர்க் கூட்டத்தில் இந்தச் சுகம் வேறு எதிலும் இல்லை. கேமராவைத் தூக்கியதும் அழுத்தலாம்.

என் கோபமெல்லாம் அந்த 'தெளிவு' என்ற சொல்மேல்தான். ஹம்பியில் விடியுமுன் மாதங்க மலை ஏறி, டிரைபாட் போட்டு, இதே கணக்கில் எடுத்தேன். கேமராத் திரையில் அருமை. வீட்டுக்கு வந்து பெரிதாக்கினால், முன்னால் இருந்த பாறையின் சொரசொரப்பு அப்படியே இருக்கிறது, விருபாட்சர் கோயில் கோபுரமோ உருகிய மெழுகு மாதிரி. காரணம் இதுதான்: சென்சாரில் ஒரு புள்ளி 0.03 மி.மீ. அகலத்துக்கு மங்கிப் பரவினாலும் அந்தக் கணக்கு அதைத் தெளிவு என்று ஏற்றுக்கொள்கிறது. சிறிய பிரிண்டுக்கு அது சரி. என் 24 மெகாபிக்சல் சென்சாரில் அது ஐந்து பிக்சல் அகலம். முடிவிலியில் இருப்பதெல்லாம் சரியாக அந்த விளிம்பில்தான் விழும். இரண்டடி பிரிண்ட் போட்டுச் சுவரில் மாட்டியவனுக்கு அது தினமும் உறுத்தும். துளையைச் சுருக்கி எஃப்/16-க்குப் போனால், சிறு துளையில் ஒளி வளைந்து பரவும் டிஃப்ராக்‌ஷன் படம் முழுவதையும் மழுக்கிவிடுகிறது.

இப்போது மலை, கோயில் என்றால் அதே எஃப்/8-இல் 5 மீட்டர் பக்கம் திருப்பிவிடுகிறேன். தூரத்து மங்கல் பாதியாகிறது. காலடிப் பாறை கொஞ்சம் மென்மையாகும், அது பரவாயில்லை.

புது ஆட்டோஃபோகஸ் லென்ஸ் வாங்கலாமா என்றும் நண்பர் கேட்டார். தாராளமாக வாங்குங்கள், லேண்ட்ஸ்கேப்புக்கு ஹைபர்ஃபோக்கலை நம்பாதீர்கள் என்றேன். பலவற்றில் இந்தக் கோடுகளே இல்லை என்பதையும் சொன்னேன். அப்புறம், பிரித்து மாட்டிய லென்ஸ் என்பதால் அன்று இரவு நிலாவை வைத்து முடிவிலிக் குறி சரியா என்று பார்த்தேன். சரியாக இருந்தது. மறுநாள் காலை அதை 8-க்கு நேரே திருப்பிக்கொண்டு பூச்சந்தைக்குக் கிளம்பிவிட்டேன்.