பழைய டிராக்டருக்குப் புதிய வயரிங்: உறை மாட்டுவதற்கு முன் பார்த்துவிடுங்கள்

பழைய டிராக்டரை இன்னும் உழவுக்கு வைத்திருப்பவர்கள், வயரிங் வேலைக்கு வண்டியை விடுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். ஒரு ஆட்டோ எலக்ட்ரிக்கல் பட்டறை செய்த வேலையால், அப்பா காலத்திலிருந்து எங்கள் வீட்டில் உழைக்கும் மாஸி பெர்குசன் 1035 நடுவயலில் தீப்பிடித்திருக்கும். பட்டறையின் பெயரை எழுதவில்லை. அந்த வேலையின் லட்சணத்தை எழுதுகிறேன்.

கோடையில் கொட்டகையில் நின்ற வண்டியில் எலி புகுந்து வயரைக் கடித்துவிட்டது. மீட்டர் பலகைக்குப் பின்னால் சில வயர்கள் செம்பு தெரியக் கிடந்தன. ஹெட்லைட்டுக்குப் போகும் வயர் அறுந்தே போயிருந்தது. சேதம் அவ்வளவுதான். பேட்டரிக்குச் சார்ஜ் கொடுக்கும் டைனமோவில் ஒரு குறையும் இல்லை. எஞ்சினை முடுக்கினால் ஆம்பியர் மீட்டரின் முள் ஒழுங்காகச் சார்ஜ் பக்கம் சாயும். கடிபட்ட வயர்களை மட்டும் மாற்றியிருந்தால் போதும்.

பட்டறைக்காரர் பானெட்டைத் திறந்து பார்த்தவுடனே தீர்ப்புச் சொல்லிவிட்டார். “வயரிங் மொத்தமும் போய்விட்டது அண்ணே. டைனமோவுக்கும் இப்போது சாமான் கிடைப்பதில்லை. ஆல்டர்னேட்டர் போட்டு, எல்லாவற்றையும் புதிதாக இழுத்துவிடுகிறேன்.” ஆல்டர்னேட்டர் என்பது டைனமோவின் வேலையையே செய்யும் புதுவகைக் கருவி. சாமான் கிடைப்பதில்லை என்பது பொய். டைனமோவின் கார்பன் பிரஷ், பேரிங் எல்லாம் இன்றும் வாங்கலாம். உள்ளே சுற்றும் ஆர்மேச்சர் கருகிப்போனால்கூடச் சுருள் கட்டிக் கொடுக்க ஆள் உண்டு. வண்டியைத் திரும்ப எடுக்கும்போது எல்லா வயரும் கறுப்பு உறைக்குள் பளபளவென்று இருந்தது. பில் என்று ஒரு துண்டுத்தாளில் 14,500 ரூபாய் எழுதிக் கொடுத்தார்.

குறுவை அறுவடை முடிந்து, தாளடிக்கு இரவில் சேற்றுழவு ஓட்டிக்கொண்டிருந்தோம். ஹெட்லைட் இரண்டும் எரிந்துகொண்டிருந்தன. ஓட்டிய தம்பிதான் முதலில் நெடியை உணர்ந்தான். அடுத்த நொடியே மீட்டர் பலகையிலிருந்து புகை வந்தது. சாவியைத் திருப்பினான், எஞ்சின் நிற்கவில்லை. டீசல் எஞ்சின் ஓடத் தொடங்கிவிட்டால் அதற்கு மின்சாரம் தேவையில்லை. பழைய வண்டிகளில் சாவியை எடுத்தாலும் அது ஓடிக்கொண்டே இருக்கும். ஆல்டர்னேட்டரும் சுற்றிக்கொண்டே இருக்கும். ஸ்டாப் கம்பியை இழுத்தால்தான் நிற்கும். தம்பி அதை இழுத்து நிறுத்திவிட்டு, ஸ்பானரால் பேட்டரி டெர்மினலைக் கழற்றினான். இந்த வண்டியில் டீசல் டாங்க் எஞ்சினுக்கு மேலே, பானெட்டுக்குள்ளேயே இருக்கிறது. புகை வந்த இடத்துக்கும் அதற்கும் கையகல இடைவெளிதான். அதை நினைத்தால் இப்போதும் எனக்கு வயிறு கலங்குகிறது.

பிறகு வேறு ஊரில், டைனமோ காலத்திலிருந்தே வேலை பார்க்கும் பெரியவர் ஒருவரிடம் கொண்டுபோனோம். அவர் பிளேடால் உறையைக் கீறி விரித்துக் காட்டினார். உள்ளே எல்லா வயரும் ஒரே சிவப்பு. வீட்டுச் சுவரில் ஓடும் ஒற்றைக் கம்பி வயர்கூட அதில் இருந்தது. டிராக்டரின் அதிர்வில் அது எத்தனை நாள் ஒடியாமல் இருக்கும்? இணைப்புகளுக்கு ஈயப்பற்று கிடையாது, லக் என்னும் உலோக முனை வைத்து அழுத்தவும் இல்லை. இரண்டு முனைகளை முறுக்கி டேப் சுற்றியிருந்தார்கள். சூட்டில் அந்த டேப்பின் பசை இளகி, தார் போல வழிந்து நின்றது. ஃபியூஸ் இருக்க வேண்டிய இடத்தில் செம்பு இழைகளைத் திரித்துக் கட்டியிருந்தார்கள். எர்த் வயரைப் பெயிண்ட்டைச் சுரண்டாமலே போல்ட்டில் முடுக்கியிருந்தார்கள்.

புகைக்குக் காரணம் சார்ஜிங் வயர். பழைய டைனமோ 20 ஆம்பியர் அளவுக்குத்தான் கொடுக்கும். ஆல்டர்னேட்டர் 35 ஆம்பியருக்கு மேலும் கொடுக்கும். இந்த வண்டியில் அந்த மின்சாரம் முழுவதும் ஆம்பியர் மீட்டர் வழியாகத்தான் பேட்டரிக்குப் போகிறது. மீட்டரோ 30 ஆம்பியர் வரைதான் காட்டும். அந்த ஆள் இங்கே போட்டிருந்தது 14 இழை வயர். ஒவ்வோர் இழையும் 0.30 மில்லிமீட்டர் என்றால் மொத்தம் 1 சதுர மில்லிமீட்டர்தான். குறைந்தது 4 சதுர மில்லிமீட்டர் வயர் போட்டு, மீட்டரையும் மாற்றியிருக்க வேண்டும் என்றார் பெரியவர். ஃபியூஸ் இல்லாததால், எங்கே கோளாறு வந்தாலும் வயரே எரிந்துதான் அடங்கும்.

அவர் இழுத்துக் கொடுத்த வயரிங்கில் பேட்டரியிலிருந்து வருவது பழுப்பு, ஹெட்லைட்டுக்கு நீலம், பின்விளக்குக்குச் சிவப்பு, எர்த்துக்குக் கறுப்பு. பிரிட்டிஷ் வழி வந்த வண்டிகளின் பழைய முறை அது. நாளைக்கு வேறு யார் திறந்தாலும் எது எங்கே போகிறது என்று தெரியும். தகடு வழியாக வயர் நுழையும் துளைகளில் ரப்பர் வளையம் போட்டார். சைலன்சர் குழாயிலிருந்து தள்ளிக் கிளிப் அடித்தார். கூலியை வாய்விட்டுக் கேட்கக்கூட அவர் தயங்கினார்.

முதல் பட்டறையில் போய்க் கேட்டால், “லைட்டை அதிக நேரம் போட்டு ஓட்டியிருப்பீர்கள்” என்று பழியை எங்கள் மேல் போடுகிறார். கழற்றிய டைனமோவையும், பேட்டரி மின்சாரம் அதற்குள் திரும்பிப் போகாமல் தடுக்கும் கட்-அவுட்டையும் கேட்டதற்கு, “பழைய இரும்புக்குப் போட்டாகிவிட்டது அண்ணே” என்கிறார். அதற்குள் எவ்வளவு செம்பு இருக்கிறது! எங்களை ஒரு வார்த்தை கேட்காமல் விற்றிருக்கிறார். ஓடிக்கொண்டிருந்த டைனமோ ஏன் “சாமான் கிடைக்காத” டைனமோ ஆனது என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது.

வேலைக்கு விடும் முன் வயரிங்கையும் டைனமோவையும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். கழற்றும் சாமான் எல்லாம் திரும்ப வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். உறை மாட்டுவதற்கு முன் உங்களைக் கூப்பிடச் சொல்லி, நேரில் போய் ஒவ்வோர் இணைப்பையும் பாருங்கள். கூப்பிட மறுக்கும் பட்டறையில் வண்டியை விடாதீர்கள். எடுக்கும்போது எஞ்சினை நடுத்தர வேகத்தில் ஓடவிட்டு, பேட்டரி முனைகளில் மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள். ஆல்டர்னேட்டர் என்றால் ஏறத்தாழ 13.8 முதல் 14.5 வோல்ட் வரை இருக்க வேண்டும்.

பில்லைத் துண்டுத்தாளில் வாங்காதீர்கள். பட்டறையின் முத்திரையோடும், போட்ட சாமான்களின் விவரத்தோடும் கேளுங்கள். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன்படி மாவட்ட ஆணையத்தில் இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் கொடுக்கலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணம் இல்லை. ஆலோசனைக்கு 1915 என்ற எண்ணில் அழைக்கலாம். துண்டுத்தாளையும் பணம் அனுப்பிய வங்கிக் கணக்கு விவரத்தையும் கருகிய வயரையும் வைத்து எங்கள் புகாரைத் தயார் செய்துகொண்டிருக்கிறோம். இதே மாதிரி வேலை செய்து கொடுத்து டைனமோவையும் எடுத்துக்கொண்ட பட்டறை உங்கள் பக்கமும் இருந்தால், எரிந்த வயரைத் தூக்கி எறியாமல் பத்திரப்படுத்துங்கள்.